மருந்துக் கூர்க்கனில் வேர்முடிச்சு: வேர் பிடித்த நாற்றை வாங்காதீர்கள்

கேள்வி: ஆத்தூர் பக்கம் ஒன்றரை ஏக்கர் செம்மண்ணில் ஆடி மாதம் மருந்துக் கூர்க்கன் நட்டேன். பண்ணையில் வாங்கிய பை நாற்று. போன போகம் தக்காளி. இப்போது நான்கு மாதம். உச்சி வெயிலில் செடி துவண்டு, சாயங்காலம் தெளிகிறது. திட்டுத் திட்டாக மஞ்சளாகிச் சாகவும் செய்கிறது. பிடுங்கினால் வேரெல்லாம் முடிச்சு. மருந்துக் கடையில் மண்ணில் தூவும் குருணை மருந்தும், வேரில் ஊற்றப் பூஞ்சைக்கொல்லியும் கொடுத்தார்கள். போட்டும் கேட்கவில்லை. எந்த மருந்து, எவ்வளவு போடுவது? கிழங்கு எடுத்தபின் கத்தரி வைக்கலாமா?

பதில்: ஐயா, முடிச்சு விழுந்த வேரை மறுபடி நல்ல வேராக்கும் மருந்து எதுவும் கிடையாது. எனவே இந்தப் பயிருக்காக இனிமேல் கடையில் காசு கொடுக்காதீர்கள்.

கூர்க்கன் வேர் தானாகவே பருத்துக் கிழங்காகும் என்பதால், சிலர் அதையே நோய் என்று நினைத்துவிடுகிறார்கள். சல்லிவேரைக் கழுவிப் பாருங்கள். மணி கோத்ததுபோல் வரிசையாக வீங்கியிருந்தால், வேருக்குள் வாழும் கண்ணுக்குத் தெரியாத வேர்முடிச்சு நூற்புழுதான் காரணம். ஒரு பெண் புழு 200 முதல் 500 முட்டை வரை இடும். நம் வெயிலுக்கு ஒரு மாதத்துக்குள் அடுத்த தலைமுறை வந்துவிடும். புழு துளைத்த வேரில் அழுகல் பூஞ்சையும் வாடல் பாக்டீரியாவும் சுலபமாக நுழையும். வாடிய செடியின் அடித்தண்டை வெட்டித் தெளிந்த தண்ணீரில் பிடியுங்கள். பால்போல் இழை இறங்கினால் அது பாக்டீரியா; பூஞ்சைக்கொல்லி அதை ஒன்றும் செய்யாது.

கடைக்காரர் கொடுத்த குருணை எது என்று நீங்கள் எழுதவில்லை. போரேட் என்றால், அது 2020 டிசம்பர் 31 முதல் நாட்டில் தடை செய்யப்பட்டது. இன்னும் அதை எடுத்துக் கொடுப்பவரிடம் உரம்கூட வாங்காதீர்கள். வேறு குருணையாக இருந்தாலும் என் பதில் இதுதான். நீங்கள் விற்கப்போவது வேர். போர்ஸ்கோலின் என்னும் மருந்துச் சத்தை எடுப்பது அந்த வேரிலிருந்துதான். ஐந்து, ஆறு மாதத்தில் தோண்டப்போகிற மருந்துப் பொருளின் மேலேயே நஞ்சைக் கொட்டச் சொல்கிறவருக்கு இந்தப் பயிரைப் பற்றி எதுவும் தெரியவில்லை.

நீங்கள் கேட்டிருக்க வேண்டியது, இந்தப் புழு எங்கிருந்து வந்தது என்பதை. தக்காளி விட்டுப்போனது பாதி. மீதி அந்தப் பை நாற்றில் வந்திருக்கலாம். இந்தப் புழு வேரிலும் மண்ணிலும்தான் வாழும். கூர்க்கனின் நுனித்தண்டில் இருக்காது. அதாவது தண்டாக வாங்கினால் சுத்தமான பயிர், பையாக வாங்கினால் யாரோ ஒருவருடைய தோட்டத்து மண்ணையும் சேர்த்து வாங்குகிறீர்கள். பழைய காய்கறித் தோட்டத்து மண்ணை அள்ளிப் பை நிரப்பும் பண்ணைகள் நிறைய உண்டு. நாற்று பச்சையாக, திடமாகத்தான் இருக்கும். வேரை யாரும் பார்ப்பதில்லை. வேர் பிடித்த கூர்க்கன் நாற்றை விலைக்கு வாங்கவே வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. வாடல் இல்லாத வயலில் 10, 12 செ.மீ. நுனித்தண்டை நீங்களே கிள்ளி, தென்னைநார்க் கழிவு நிரப்பிய தட்டில் வேர் பிடிக்க வையுங்கள். மண் பாத்திதான் வசதி என்றால், சித்திரை வெயிலில் பாத்தியை நனைத்து, கண்ணாடிபோல் தெரியும் பாலித்தீன் விரிப்பால் ஓரம் அடைத்து ஐந்து, ஆறு வாரம் மூடுங்கள். கறுப்பு விரிப்புக்கு அந்த அளவு சூடு ஏறாது.

இப்போதைக்கு, செத்த செடிகளை வேரோடு எடுத்து எரித்துவிடுங்கள். அந்தத் திட்டிலிருந்து நல்ல பகுதிக்குப் பாசனத் தண்ணீர் ஓடாமல் வரப்பு கட்டுங்கள். கிழங்கை ஐந்தாம் மாதத்திலேயே தோண்டிவிடலாம். காத்திருந்தால் அழுகல்தான் கூடும்.

கத்தரி கூடவே கூடாது. வெண்டை, தக்காளி, பப்பாளியும் வேண்டாம். எள் போடுங்கள், இல்லாவிட்டால் செண்டுமல்லி. கோடை உழவு இரண்டு மூன்று முறை ஓட்டி வேர்த்துண்டுகளைக் காயவிடுங்கள். அப்புறம் சணப்பை விதைத்துப் பூவில் மடக்கி உழுங்கள். சணப்பை வேருக்குள் போகிற புழு பெரும்பாலும் முட்டை வைக்கும் நிலைக்கு வளராது. மறுபடி கூர்க்கன் வைக்கும்போது ஏக்கருக்கு 160 கிலோ வேப்பம் புண்ணாக்கு, கூடவே நூற்புழுவின் முட்டையைத் தின்னும் பர்ப்பூரியோசிலியம் என்ற நன்மை செய்யும் பூஞ்சை ஒரு கிலோவைத் தொழுவுரத்தில் கலந்து அடியில் இடுங்கள். அது உயிருள்ள சரக்கு. பாக்கெட்டில் தேதி பார்த்து வாங்குங்கள், பூஞ்சைக்கொல்லியோடு கலக்காதீர்கள்.

நடுவதற்கு முன் மண்ணைப் பரிசோதியுங்கள். வயலில் பல இடத்தில் அரை அடி ஆழத்து ஈர மண் எடுத்துக் கலந்து, கால் கிலோவைப் பாலித்தீன் பையில் கட்டி, சேலம் மாவட்டம் சந்தியூர் வேளாண் அறிவியல் நிலையத்திலோ கோவை வேளாண் பல்கலைக்கழக நூற்புழுவியல் துறையிலோ கொடுங்கள். மண் காய்ந்தாலோ வெயிலில் கிடந்தாலோ புழு செத்துவிடும், பரிசோதனையில் ஒன்றும் தெரியாது.