குறையுள்ள மரபணு என்று தெரிந்தால் அந்தப் பறவையை இனப்பெருக்கத்திலிருந்து விலக்கிவிட வேண்டியதுதானே?

அழிவின் விளிம்பில் இருக்கும் பறவைகளைக் கூண்டில் வைத்துப் பெருக்குவதற்கு மரபியல் எதற்கு, அப்படியே பார்த்தாலும் கெட்ட மரபணு உள்ளதை ஒதுக்கிவிட்டால் வேலை முடிந்ததே என்று கேட்டிருக்கிறீர்கள். ஒதுக்கக் கூடாது என்பதுதான் என் பதில். காரணத்தைக் கலிஃபோர்னியா காண்டோரை வைத்துச் சொல்கிறேன்.

நம் பாறுகளைப் போலவே செத்த விலங்குகளைத் தின்று வாழும் பறவை அது. இறக்கை விரித்தால் ஒன்பதரை அடி. 1982-ல் உலகத்திலேயே 22 தான் மிஞ்சியிருந்தன. கடும் எதிர்ப்பையும் மீறி, 1987 ஏப்ரலில் காட்டில் இருந்த கடைசிக் காண்டோரையும் பிடித்தார்கள். அப்போது மொத்தம் 27 பறவைகள், எல்லாம் சான் டியாகோவிலும் லாஸ் ஏஞ்சலஸிலும் கூண்டுக்குள். இன்று பறக்கும் ஒவ்வொரு காண்டோரும் வெறும் 14 முன்னோர்களின் வாரிசு.

அந்தப் பறவைகளில் எது எதற்குச் சொந்தம் என்று யாருக்கும் முழுசாகத் தெரியாது. ஆண் எது, பெண் எது என்றுகூடப் பார்வைக்குப் பிடிபடாது, இரத்தம் எடுத்துத்தான் சொல்ல முடியும். டிஎன்ஏ-வை ஒப்பிட்டபோது அவை மூன்று குடும்பக் கிளைகளாகப் பிரிந்தன. அதன்பின் ஒரே கிளைக்குள் ஜோடி சேர்ப்பதை முடிந்தவரை தவிர்த்தார்கள். சொந்தத்திலேயே திரும்பத் திரும்பக் கல்யாணம் செய்தால் என்ன ஆகும் என்று நம் ஊரில் விளக்க வேண்டியதில்லை.

ஜோடி சேர்ப்பதில் இன்னொரு கணக்கும் உண்டு. ஒவ்வொரு பறவைக்கும் கூட்டத்தில் எவ்வளவு உறவு இருக்கிறது என்று சராசரி போடுவார்கள். உறவு குறைந்ததற்கே முதலிடம், ஏனென்றால் அதனிடம் இருக்கும் மரபணுக்கள் வேறு யாரிடமும் இருக்க வாய்ப்புக் குறைவு. நிறையக் குஞ்சு பொரித்த ஜோடியை இன்னும் பொரிக்க விடுவது எளிது, எண்ணிக்கையும் வேகமாக ஏறும். ஆனால் ஒரு குடும்பம் மட்டும் பெருகி மற்றவை மங்கிவிடும். அதனால் நன்றாக முட்டையிடும் ஜோடியைக்கூடச் சில சமயம் நிறுத்தி வைக்க வேண்டிவரும்.

இனி நீங்கள் கேட்ட விஷயம். கூண்டில் இட்ட சில முட்டைகளில், உள்ளே கரு வளர்ந்தும் கால் எலும்புகள் குட்டையாகிப் போய், குஞ்சு உயிரோடு வெளியே வரவில்லை. குருத்தெலும்பு வளர்ச்சியைக் கெடுக்கும் பரம்பரைக் குள்ளநோய் அது. தாய், தகப்பன் இருவரிடமிருந்தும் அந்த மரபணு வந்தால்தான் குஞ்சு சாகும். ஒரு பக்கத்திலிருந்து மட்டும் வந்தால் பறவைக்கு ஒரு குறையும் இல்லை, பறக்கும், முட்டையிடும், குஞ்சு வளர்க்கும். 2000-ல் வெளிவந்த ஆய்வு, கூட்டத்தில் அந்த மரபணுவின் பங்கு சுமார் 9 சதவீதம் என்று மதிப்பிட்டது. ஒவ்வொரு பறவைக்கும் தாயிடமிருந்து ஒன்று, தகப்பனிடமிருந்து ஒன்று என இரண்டு பிரதிகள் உண்டு என்பதால், கணக்குப் போட்டால் ஏறக்குறைய ஆறில் ஒரு பறவை அதைச் சுமக்கிறது.

எது சுமக்கிறது என்பது அன்று வம்சாவளியை வைத்துச் செய்த ஊகம்தான். சந்தேகப் பட்டியலில் உள்ள எல்லாவற்றையும் விலக்கினால் கூட்டத்தில் பெரும்பங்கு போய்விடும். அவற்றோடு அந்த 14 முன்னோர்களிடமிருந்து வந்த நல்ல மரபணுக்களும் போகும். போனது திரும்ப வராது, வாங்கி வர வேறு காண்டோர் கூட்டமும் உலகில் கிடையாது. அதனால் அந்த ஆய்வாளர்கள், சுமக்கும் பறவைகளை வைத்துக்கொள்ளுங்கள், இரண்டு சுமப்பவற்றை மட்டும் ஜோடி சேர்க்காதீர்கள் என்றார்கள். அப்படிச் சேர்த்தால் நாலில் ஒரு குஞ்சு சாகும். சுமக்காத ஒன்றோடு சேர்த்தால் ஒன்றுகூட அந்த நோயால் சாகாது. பறவைப் பாதுகாப்பில் எடுத்த மிக நிதானமான முடிவுகளில் ஒன்று இது என்பது என் எண்ணம். நோய் மரபணு ஒழியாமல் கூட்டத்தில் தொடரும் என்று தெரிந்தே எடுத்த முடிவு.

ஜோடி சேர்ப்பதற்காக வைத்திருக்கும் வம்சாவளிப் பதிவேடுகளால் யாரும் எதிர்பாராத ஒன்றும் தெரியவந்தது. 900-க்கு மேற்பட்ட காண்டோர்களின் டிஎன்ஏ-வைச் சரிபார்த்தபோது, இரண்டு ஆண் குஞ்சுகளுக்குத் தகப்பனே பொருந்தவில்லை. இருந்தது முழுக்கத் தாயின் டிஎன்ஏ மட்டும், அதாவது ஆணின் பங்கே இல்லாமல் பிறந்தவை. தாய்ப் பறவைகள் இரண்டும் நல்ல ஆண்களோடு ஒரே கூண்டில் இருந்தவை, அவற்றோடு சேர்ந்து வேறு குஞ்சுகளும் பெற்றவை! 2021-ல் இது வெளியானது. அந்தக் குஞ்சுகள் இரண்டும் வாரிசு விடாமலே செத்துவிட்டன. டிஎன்ஏ பார்த்திராவிட்டால் கூண்டில் இருந்த ஆணையே தகப்பன் என்று எழுதி வைத்திருப்பார்கள்.

1992 முதல் காட்டில் திரும்ப விடுகிறார்கள். இன்று மொத்தம் 500-க்கு மேல், அதில் பாதிக்கும் மேல் வெளியே. அங்கே அவற்றை அதிகமாகக் கொல்வது ஈயம். வேட்டையில் செத்த விலங்கின் உடலில் தங்கும் தோட்டாத் துணுக்கைத் தின்று நஞ்சேறிச் சாகின்றன. வேட்டைக்கு ஈயத் தோட்டா கூடாது என்ற சட்டம் கலிஃபோர்னியாவில் 2019-ல் முழுமையாக அமலுக்கு வந்தது, ஆனால் பக்கத்து அரிசோனாவில் அப்படிக் கட்டாயம் இல்லை. எனவே விட்ட பறவைகளையே மறுபடி பிடித்து இரத்தத்தில் ஈயம் பார்த்து, ஏறியிருந்தால் மருந்து கொடுத்து, தேறியதும் பறக்க விடும் வேலை இன்றும் நடக்கிறது.