தோட்டக் கேள்வி – பதில்: தொட்டியில் மிளகாய்

பாலக்காட்டுக் கணவாய் தொடங்கிக் களியக்காவிளை வரை, எல்லையோர வாசகர்களிடமிருந்து இம்முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை தொட்டியில் வைத்த மிளகாய்ச் செடியைப் பற்றியவை. ஆதலால் இந்தப் பகுதியை முழுவதும் அதற்கே ஒதுக்கியுள்ளேன்.

கேள்வி: முதன்முறையாகச் செடி வளர்க்கிறேன், ஐயா. வேலந்தாவளத்தில் ஆறு மிளகாய் நாற்றுகள் வாங்கி, வீட்டில் கிடந்த இருபது லிட்டர் பெயிண்ட் வாளிகளில் எங்கள் வயல் மண்ணை நிரப்பி நட்டேன். காலையும் மாலையும் தவறாமல் தண்ணீர் ஊற்றுகிறேன். ஆனாலும் அடி இலைகள் மஞ்சளாகி உதிர்கின்றன; இரண்டு செடிகள் செத்தும் போயின. மண்ணில் கும்மாயம் (நீற்றிய சுண்ணாம்பு) போட்டால் சரியாகிவிடும் என்கிறார் என் மாமியார். போடலாமா?
– வாசகி, கொழிஞ்சாம்பாறை

பதில்: கும்மாயம் வேண்டாம், அம்மா. உங்கள் மாமியார் சொல்வது கேரளத்தில் பழகிய முறைதான்; அங்கே பெரும்பாலான இடங்களில் இருப்பது புளிப்பு மிகுந்த செம்புறை மண் என்பதால், எந்தக் காய்கறி நட்டாலும் முதலில் நீற்றிய சுண்ணாம்பைச் சேர்த்துப் புளிப்பை முறித்துக்கொள்வார்கள். ஆனால் சித்தூர் வட்டத்தின் கிழக்கே, உங்கள் ஊரைச் சுற்றியுள்ள வயல்களில் கரிசல் மண் பரவலாக இருக்கிறது. கரிசலில் சுண்ணாம்பு இயல்பாகவே உண்டு. அதற்கு மேலும் சுண்ணாம்பு போட்டால், மண்ணில் உள்ள இரும்பையும் துத்தநாகத்தையும் வேர் எடுத்துக்கொள்ள முடியாமல் போய், நரம்பு மட்டும் பச்சையாக நிற்க இளந்தளிர்கள் வெளுத்துவிடும். உங்கள் செடியிலோ மஞ்சளாவது அடி இலை. நோவு வேறிடத்தில் இருக்கிறது.

அது வேரில்தான் இருக்கும் என்று கருதுகிறேன். வாளியின் அடியில் துளை இட்டதாக நீங்கள் எழுதவில்லை. செத்த செடிகளில் ஒன்றை இன்னும் எறியாமல் வைத்திருந்தால், அதன் வேரைத் தண்ணீரில் அலசி, இரு விரல்களுக்கிடையே பிடித்து மெல்ல இழுத்துப் பாருங்கள். நல்ல வேர் வெண்மையாகவும் விறைப்பாகவும் இருக்கும். அழுகிய வேரில் பழுப்பு நிற மேல்தோல் உறை போலக் கழன்று விரலோடு வந்துவிட, நடுவில் நூல் போன்ற நரம்பு மட்டும் எஞ்சும். வேருக்குத் தண்ணீர் வேண்டியது போலவே காற்றும் வேண்டும். இரண்டு வேளையும் ஊற்றிய நீர் வெளியேற வழியின்றி வாளியின் அடியில் தேங்கும்போது, அந்தக் காற்று நின்றுபோகிறது. மூச்சடைத்த வேரால் நீரை உறிஞ்ச இயலாததால், செடி தண்ணீரில் நின்றுகொண்டே தாகத்தில் வாடுகிறது. புதிதாகச் செடி வைப்போர் அனைவரையும் ஏமாற்றுவது இந்தத் தோற்றம்தான்: காய்ந்து வாடிய செடியும் அழுகி வாடிய செடியும் ஒன்று போலவே தலை சாய்க்கும், அதைக் கண்டு மனம் பொறாமல் இன்னும் ஒரு செம்பு ஊற்றிவிடுவோம்.

எஞ்சிய நான்கு செடிகளையும் காப்பாற்றலாம். ஒவ்வொரு வாளியின் அடியிலும் சுண்டுவிரல் நுழையும் அளவில் ஐந்தாறு துளைகள் இடுங்கள். வாளியைத் தரையில் வைக்காமல் இரண்டு செங்கற்களின் மேல் தூக்கி வையுங்கள். கரிசல் மண் வயலில் பொன் போன்றது. தொட்டிக்குள் அடைத்தால் நனையும்போது களியாகவும் காயும்போது வெடித்த பாளமாகவும் ஆகிவிடும். ஆகவே அதில் ஒரு பங்கு, மணல் ஒரு பங்கு, நன்றாக மக்கிய தொழு உரம் ஒரு பங்கு என்று கலந்து, வாளிக்கு ஒரு கைப்பிடி வேப்பம் புண்ணாக்கும் சேர்த்துக்கொள்ளுங்கள். மணல் கிடைக்காவிட்டால் தென்னை நார்க்கழிவு போதும். ஆனால் அதை நல்ல தண்ணீரில் ஊறவைத்து, பிழியும்போது வடியும் செந்நிறம் வெளுக்கும் வரை இரண்டு மூன்று முறை அலசிவிட வேண்டும், ஏனெனில் நாரோடு வரும் உப்பும் துவர்ப்பும் இளவேரைச் சுடும். வெயில் தாழ்ந்தபின், வேரைச் சுற்றிய மண் உதிராமல் செடியைப் பெயர்த்து, வாளிக்கு ஒன்றாக இந்தக் கலவையில் நட்டு, மூன்று நான்கு நாள் நிழலில் வைத்திருங்கள். உங்கள் வாளிகளின் அளவு மிளகாய்க்கு மிகப் பொருத்தமானது. ஓர் அடி ஆழமும் ஓர் அடி அகலமும் இருந்தால் அதன் வேருக்குப் போதும்.

தண்ணீருக்குக் கடிகாரத்தைப் பார்க்க வேண்டாம். ஆள்காட்டி விரலை இரண்டாம் கணு வரை மண்ணுக்குள் விடுங்கள். நுனியில் ஈரம் தட்டினால் அன்றைக்கு ஊற்றாதீர்கள். உலர்ந்திருந்தால், அடித்துளையில் நீர் வடியும் வரை ஒரே முறையாக ஊற்றுங்கள். உங்கள் ஊரில் எந்த அட்டவணையும் ஆண்டு முழுவதும் செல்லாது. மார்கழி, தை மாதங்களில் ஏறத்தாழ முப்பது கிலோமீட்டர் அகலமுள்ள கணவாய் வழியே கிழக்கிலிருந்து வீசும் வறண்ட காற்று, காலையில் ஊற்றிய தண்ணீரை மாலைக்குள் உறிஞ்சிவிடும். அப்போது இரண்டு வேளையும் ஊற்ற நேரலாம். மண்ணின் மேல் இரண்டு விரற்கடை கனத்துக்கு வைக்கோலோ நறுக்கிய தென்னோலையோ பரப்பினால் பாதித் தண்ணீர் மிச்சமாகும். ஆனி, ஆடி மழையிலோ ஒரு வாரம் முழுவதும் தண்ணீர்ச் செம்பைத் தொடாமலே இருக்க வேண்டியிருக்கும்.

கேள்வி: குரோ பேக்கில் பூவும் பிஞ்சுமாக நின்ற செடி ஒருநாள் நண்பகலில் தலை தொங்கியது, மாலையில் சற்றுத் தேறியது. மூன்றாம் நாள் இலைகள் பச்சையாக இருக்கும்போதே செத்துவிட்டது. இப்போது பக்கத்துப் பையில் உள்ள செடியும் வாடுகிறது. நான் அளவாகத்தான் தண்ணீர் ஊற்றுகிறேன். இது என்ன நோய்?
– வாசகர், களியக்காவிளை

பதில்: இலை மஞ்சளாகாமல் பச்சையாகவே வாடிச் சாவது பாக்டீரியா வாடல் நோயின் அடையாளம். ரால்ஸ்டோனியா என்னும் பாக்டீரியா மண்ணிலிருந்து வேர் வழியே புகுந்து, தண்டில் நீர் ஏறும் குழாய்களுக்குள் பெருகி அவற்றை அடைத்துவிடுகிறது. சூடும் ஈரமும் சேர்ந்த, புளிப்பு மிகுந்த செம்மண்ணில் இது மிகுதி.

ஐயமறத் தெரிந்துகொள்ள ஒரு வழி உண்டு. வாடிய செடியின் அடித்தண்டில், மண்ணுக்குச் சற்று மேலே, விரல் நீளத் துண்டு ஒன்றைக் கூரிய கத்தியால் வெட்டி எடுங்கள். கண்ணாடித் தம்ளரில் தெளிந்த நீரை நிரப்பி, வெட்டுமுனை நீருக்குள் இருக்கும்படி தண்டை அசையாமல் ஐந்து நிமிடம் பிடித்திருங்கள். தம்ளருக்குப் பின்னால் கறுப்புத் துணியைப் பிடித்தால், வெட்டுவாயிலிருந்து வெள்ளை நூல் போல ஒரு கசிவு நெளிந்து இறங்குவது தெரியும். சிறிது நேரத்தில் நீர் பால் கலந்தது போல மங்கிவிடும். தோட்டம் வைத்த இரண்டாம் ஆண்டு மழைக்காலத்தில் நான் ஏழு செடிகளை ஒன்றன்பின் ஒன்றாக இழந்தேன். செத்த செடியின் மண்ணையே கிளறி அடுத்த நாற்றை நட்டதுதான் காரணம் என்பது, இந்தச் சோதனையைச் செய்து பார்த்த அன்றைக்குத்தான் எனக்கு விளங்கியது.

நோய் வந்த செடிக்கு மருந்து இல்லை. அதை வேரோடு எடுத்து எரித்துவிடுங்கள். அந்தப் பையிலிருந்து வடியும் நீர் மற்றப் பைகளுக்குப் போகாமல் தள்ளி வையுங்கள். வெட்டிய கத்தியைக் கழுவுங்கள். அந்த மண்ணில் மிளகாய், தக்காளி, கத்தரி, இஞ்சி ஆகிய எதையும் நடக் கூடாது. வெண்டையோ கீரையோ வைக்கலாம். புதிய பைகளுக்கு, கொழிஞ்சாம்பாறைச் சகோதரிக்கு வேண்டாம் என்ற அதே கும்மாயம் உங்கள் செம்மண்ணுக்கு அவசியம் வேண்டும்: பைக்கு ஒரு கைப்பிடி கலந்து, ஈரம் காயாமல் இரண்டு வாரம் வைத்திருந்து, அதன் பிறகே தொழு உரம் சேர்த்து நடுங்கள். நட்டபின் ஒரு லிட்டர் நீருக்கு 20 கிராம் சூடோமோனாஸ் என்னும் நன்மை செய்யும் பாக்டீரியாத் தூளைக் கரைத்து வேரில் ஊற்றுவது நல்ல முன்காப்பு. எல்லாவற்றுக்கும் மேலாக இரகத்தை மாற்றுங்கள். கேரள வேளாண் பல்கலைக்கழகம் வெளியிட்ட உஜ்வலா, அனுக்ரஹா ஆகிய இரண்டும் இந்த வாடலைத் தாங்கி நிற்பவை. உங்கள் பக்கத்துக்கு நான் முதலில் சொல்வது உஜ்வலாவைத்தான்.

கேள்வி: செடி தளதளவென்று இடுப்பளவு வளர்ந்திருக்கிறது. பூவெல்லாம் உதிர்கிறது, ஒரு காய்கூட நிற்கவில்லை. வாரம் இருமுறை கடலைப் புண்ணாக்குக் கரைசல் ஊற்றுகிறேன்.
– வாசகி, செங்கோட்டை

பதில்: அந்தக் கரைசலை ஒரு மாதம் நிறுத்துங்கள். புண்ணாக்கில் தழைச்சத்து மிகுதி. இலைக்கே உணவு கிடைத்துக்கொண்டிருந்தால் செடி காய்க்க மறந்துவிடும். பிறகு பதினைந்து நாளுக்கு ஒருமுறை, பத்து மடங்கு நீர் சேர்த்துக் கொடுத்தால் போதும். பகல் வெப்பம் 35 டிகிரியைத் தாண்டும் சித்திரையில் எந்தச் செடியும் சற்றுப் பூ உதிர்க்கத்தான் செய்யும். நண்பகலில் மூன்று மணி நேரம் நிழல் விழும்படி தொட்டியை நகர்த்துங்கள்.

கேள்வி: நுனி இலைகள் சுருண்டு முடங்குகின்றன. குமுளியில் இருக்கும் என் அக்கா, கஞ்சித் தண்ணீர் தெளித்தால் போதும் என்கிறார். உண்மையா?
– வாசகர், கம்பம்

பதில்: சுருட்டை என்று ஒரே பெயரால் நாம் அழைப்பது உண்மையில் மூன்று வேறு தொல்லைகள். இலையின் ஓரங்கள் மேல்நோக்கிப் படகு போல மடங்கினால் அது இலைப்பேன். ஓரங்கள் கீழ்நோக்கி மடங்கி, இலை குறுகி, காம்பு எலிவால் போல நீண்டிருந்தால் அது மஞ்சள் சிலந்தி. தளிர்கள் சிறுத்து மஞ்சளாகிக் கொத்தாக நெருங்கி, செடியே குள்ளமாகி, தட்டும்போது வெள்ளை ஈ பறந்தால் அது வைரஸ். அந்தச் செடியை மட்டும் இரக்கம் பார்க்காமல் பிடுங்கிவிடுங்கள்.

வெள்ளைத் தாள் ஒன்றை ஏந்தி, அதன் மேல் நுனியைத் தட்டுங்கள். வைக்கோல் நிறத்தில், பென்சில் முனைக் கோடு போன்ற பூச்சிகள் நகர்ந்தால் இலைப்பேன் உறுதி. பூக்களையும் அவ்வாறே தட்டிப் பாருங்கள். 2021ஆம் ஆண்டு ஆந்திர, தெலங்கானா மிளகாய் வயல்களைப் பாழாக்கிய கறுப்பு இலைப்பேன் பூவுக்குள் குடியிருப்பது.

உங்கள் அக்காவின் கஞ்சித் தண்ணீர் அசுவினிக்கு உதவும். அது காயும்போது பூச்சி அதில் ஒட்டிக்கொள்ளும். இலைப்பேனுக்கு வேப்பெண்ணெய்–பூண்டுக் கரைசலே என் தேர்வு. ஒரு லிட்டருக்கு வேப்பெண்ணெய் 20 மில்லி, பூண்டு 20 கிராம், சலவைச் சோப்பு 5 கிராம் வேண்டும். சோப்பைச் சிறிது வெந்நீரில் கரைத்து, அதில் எண்ணெயை விட்டு, மேலே எண்ணெய் மிதக்காமல் பால் போல வெண்மையாகும் வரை கடைய வேண்டும். எண்ணெய் தனியே மிதந்தால் இலை கருகும். அரைத்து வடிகட்டிய பூண்டுச் சாற்றைச் சேர்த்து, மீதி நீரை ஊற்றி, அன்று மாலையே இலையின் அடிப்பக்கம் நனையும்படி தெளித்துவிடுங்கள். வாரம் ஒருமுறையாக மூன்று முறை செய்யுங்கள். சிலந்தியாக இருந்தால் நனையும் கந்தகம் லிட்டருக்கு 2 கிராம் போதும். ஆனால் கொளுத்தும் வெயிலிலும், எண்ணெய் தெளித்த இரண்டு வாரத்துக்குள்ளும் கந்தகத்தைத் தொடாதீர்கள்.

கேள்வி: சமையலறை வற்றலில் இருக்கும் விதையைப் போடலாமா?
– வாசகி, போடிநாயக்கனூர்

பதில்: போடலாம், பழைய வற்றலானால் பாதிதான் முளைக்கும். அரை சென்டிமீட்டர் ஆழத்தில் விதைத்து ஈரம் காத்தால் ஏழு முதல் பத்து நாளில் முளை தெரியும். ஐந்தாறு இலை வந்து, நாற்று நாற்பது நாள் வயதானபின் தொட்டிக்கு மாற்றுங்கள். ஆனால் முதல் செடிக்கு நான் பரிந்துரைப்பது காந்தாரி என்னும் சிறு மிளகாய். அரை நிழலையும் பொறுத்துக்கொண்டு, ஆண்டுக்கு ஒருமுறை கவாத்து செய்தால் மூன்று நான்கு ஆண்டுகள் காய்க்கும்.

கேள்வி: எங்கள் லயத்து வாசலில் குடைமிளகாய் வருமா?
– வாசகர், மூணாறு

பதில்: சமவெளி வாசகர்களுக்கு எளிதில் வாய்க்காத குளிர்ந்த இரவு உங்களுக்கு இருக்கிறது, ஆதலால் நன்றாகவே வரும். மார்கழி, தை உறைபனி கழிந்து மாசியில் நட்டால் பெருமழைக்கு முன்பே காய் பறிக்கலாம். மழையை மட்டும் தடுக்கும்படி மேலே ஒரு பிளாஸ்டிக் தாளைச் சாய்வாகக் கட்டுங்கள். காய் கனத்துக் கிளை முறியாமல் இருக்க, நடும் அன்றே ஒரு குச்சியை ஊன்றிவிடுங்கள். தண்டு இரண்டாகப் பிரியும் கவையில் முதல் பூ வரும். மனம் வராவிட்டாலும் அதைக் கிள்ளிவிடுங்கள். அதைக் காய்க்க விட்டால் அந்த ஒரு காய்க்காகவே செடி வளர்ச்சியை நிறுத்திக்கொள்ளும்.