கச்சான் வீசும் நாளில் பலகை இறக்கலாமா?

நின்றபடி துடுப்பு வலிக்கும் பாடில் போர்ட் பற்றி மட்டக்களப்பு, அம்பாறை வாசகர்கள் கேட்டவற்றில் சிலவற்றுக்கு இந்த இதழில் பதில். சுருக்கத்துக்காகப் பலகை என்றே எழுதுகிறோம்.

கச்சான் காலத்துக் காலையில் கல்லடிக் கடல் கண்ணாடி மாதிரிக் கிடக்கிறது. அதே நேரத்தில் வாவியில் சிற்றலை அடிக்கிறது. பழகுவதற்குக் கடல்தானே நல்லது?
– ஒரு வாசகர், கல்லடி

இல்லை. கடலை அப்படித் தட்டையாக்கி வைத்திருப்பதே உங்களை உள்ளே தள்ளிக்கொண்டு போகப்போகிற காற்றுத்தான். கச்சான் மேற்கிலிருந்து, தரையைக் கடந்து கடலுக்கு வீசுகிறது. கரையிலுள்ள தென்னைகளும் வீடுகளும் அதை மறைப்பதால் முதல் நூறு மீற்றர் அசைவில்லாமல் இருக்கும். அந்த மறைப்பைத் தாண்டியதும் முதுகில் ஒரு கை வைத்துத் தள்ளுவது போலிருக்கும். போகும்போது “நன்றாகத்தான் வலிக்கிறேன்” என்று தோன்றும். திரும்பும்போதுதான் கணக்குத் தெரியும். காற்றின் வேகம் இரண்டு மடங்கானால் அது உடம்பில் கொடுக்கும் அழுத்தம் நான்கு மடங்காகும். நிற்கிற ஆள் ஒரு பாய் மாதிரி. காலை ஏழு மணிக்கு மெல்லிதாக இருக்கும் கச்சான் பத்து, பதினொரு மணிக்குள் பலத்துவிடும்.

வாவிப் பக்கம் கணக்கு நேர்மாறு. கல்லடி, காத்தான்குடி, ஆரையம்பதி எல்லாம் வாவியின் கிழக்குக் கரை. அங்கிருந்து இறங்கி மேற்கு நோக்கிக் காற்றை எதிர்த்துப் போனால், களைத்த நேரத்தில் அதே காற்று உங்களை வீட்டுக்கரைக்கே கொண்டுவந்து சேர்க்கும். முகத்தில் அடிக்கும் சிற்றலை தொல்லைதான், ஆனால் பாதுகாப்பான தொல்லை. அதே கரையில் மார்கழி, தை மாதங்களில் வாடை வீசும்போது இறங்காதீர்கள். அப்போது காற்று வடகிழக்கிலிருந்து வந்து உங்களை நடு வாவிக்குத் தள்ளும். ஆகவே “எந்த இடம் நல்லது” என்று கேட்பதைவிட “இன்றைக்குக் காற்று எங்கேயிருந்து” என்று கேளுங்கள். பாதி நேரம் எதிர்காற்று, பாதி நேரம் பின்காற்று. முதல் பாதி எப்போதும் எதிர்காற்றாக இருக்கட்டும்.

நீரில் அங்கங்கே வெள்ளை நுரை தலைகாட்டினால் காற்று மணிக்கு 20 கி.மீ. அளவை நெருங்கிவிட்டது. பழகுகிறவர்கள் அன்று பலகையைப் பையிலேயே வைத்திருக்கலாம். நடுவழியில் காற்றுப் பலத்தால் உடனே முழங்காலில் இருங்கள், துடுப்பைப் பாதியில் பிடித்து வலியுங்கள். அதுவும் முடியாவிட்டால் குப்புறப் படுத்து, துடுப்பின் தண்டை நெஞ்சுக்குக் கீழே அழுத்தி வைத்துக்கொண்டு இரண்டு கையாலும் நீரைத் தள்ளுங்கள். பலகையை மட்டும் விட்டுவிட்டு நீந்தாதீர்கள்.

கனடாவிலிருந்து அண்ணன் காற்றடிக்கும் பலகை ஒன்று அனுப்பினார். பம்ப் குழாயைக் கழற்றியதும் காற்று முழுக்கப் போய்விடுகிறது. ஒருமுறை எப்படியோ நின்றது, ஆனால் ஏறி நின்றால் நடுவில் வளைகிறது. பழுதான பலகையா?
– ஒரு வாசகர், களுவாஞ்சிகுடி

பெரும்பாலும் பழுதில்லை. வால்வு மூடியைத் திறந்து உள்ளே பாருங்கள், நடுவில் ஒரு சிறு முளை இருக்கும். அதை அழுத்திக் கால் சுற்றுத் திருப்பினால் கீழே நின்றுவிடும், மீண்டும் அழுத்தித் திருப்பினால் மேலே எழும்பும். கீழே நின்றால் வால்வு திறந்திருக்கிறது, மேலே நின்றால் மூடியிருக்கிறது. காற்றடிக்கும்போது முளை மேலே இருக்க வேண்டும். உங்கள் முளை கீழே இருந்திருக்கிறது. மேலே இருந்தும் கசிந்தால் வால்வின் இறப்பர் வளையத்தில் மணல் துகள் மாட்டியிருக்கும். முளையைத் தட்டித் தட்டிக் காற்றை வெளியே ஊதவிட்டால் பெரும்பாலும் பறந்துவிடும்.

வளைவதற்குக் காரணம் போதாத அழுத்தம். பலகையில் அல்லது வால்வின் அருகில் எழுதியிருக்கும் அளவைப் பாருங்கள், பெரும்பாலானவற்றுக்கு 12 முதல் 15 பி.எஸ்.ஐ. (பம்பின் மானி காட்டும் அழுத்த அலகு). பம்பின் மானி முதலில் நெடுநேரம் பூச்சியத்திலேயே நிற்கும், மானி கெட்டுவிட்டது என்று நினைத்து நிறுத்துகிறவர்கள் அதிகம். பலகை வடிவத்துக்கு வந்து இறுகத் தொடங்கிய பிறகுதான் முள் அசையும். மேலே இழுக்கும்போதும் கீழே அழுத்தும்போதும் அடிக்கும் பம்பாக இருந்தால், 7 அல்லது 8 பி.எஸ்.ஐ.க்குப் பிறகு அதிலுள்ள சிறு அடைப்பைக் கழற்றி ஒருவழியாக்குங்கள். கடைசி 4 பி.எஸ்.ஐ.க்கு கையால் அழுத்தாதீர்கள், கையை நேராக நீட்டி உடல் பாரத்தால் இறக்குங்கள். பத்தரை அடி நீளமும் 32 அங்குல அகலமும் 6 அங்குலத் தடிப்பும் உள்ள பலகை சுமார் 300 லீற்றர் கொள்ளும். அதை 15 பி.எஸ்.ஐ.க்கு ஏற்ற அதன் இரு மடங்கு காற்று வேண்டும். காரின் டயருக்கு அடிக்கும் சின்ன மோட்டார் அரை மணித்தியாலம் திணறிச் சூடேறிவிடும். கராஜில் உள்ள பெரிய கம்ப்ரெசரை இணைக்கவே வேண்டாம், கண் மூடித் திறப்பதற்குள் ஓரத்து ஒட்டுப் பிரியும்.

இன்னொன்று நம்ம ஊர் வெயில். காலை 30 பாகையில் 15 பி.எஸ்.ஐ. அடித்த பலகையைச் சாப்பாட்டு நேரம் மணலில் விட்டு, உள்ளேயுள்ள காற்று 60 பாகைக்கு ஏறினால் அழுத்தம் 18 பி.எஸ்.ஐ.க்கு வந்துவிடும். கரையில் வைப்பதாக இருந்தால் நிழலில் வையுங்கள், இல்லாவிட்டால் 2 அல்லது 3 பி.எஸ்.ஐ. இறக்கிவிடுங்கள். மாறாக, சுடுவெயிலில் நிறுத்தி 15க்கு அடித்துவிட்டு நீரில் போட்டால் குளிர்ந்ததும் மறுபடி வளையும். நீரில் பத்து நிமிடம் மிதக்கவிட்டு மானியை மீண்டும் பாருங்கள். பின்னேரம் வீட்டுக்கு வந்ததும் நல்ல தண்ணீரில் கழுவுங்கள், வாவி நீரிலும் உப்பு இருக்கிறது. வால்வைக் காய வைத்து மூடுங்கள்.

துடுப்பின் வளைவு எந்தப் பக்கம் பார்க்க வேண்டும்? என் உயரம் ஐந்தடி ஐந்தங்குலம்.
– ஒரு வாசகி, ஏறாவூர்

துடுப்பின் இலை கைப்பிடியிலிருந்து முன்பக்கம், அதாவது உங்களைவிட்டு அப்பால், சாய்ந்திருக்க வேண்டும். சோறு அள்ளும் அகப்பை போல உங்களை நோக்கிக் குழிந்திருப்பதுதான் சரி என்று தோன்றும், அது தவறு. துடுப்பின் நீளத்துக்கு உங்கள் உயரத்தோடு 15 முதல் 20 செ.மீ. சேருங்கள். உங்களுக்குச் சுமார் 180 முதல் 185 செ.மீ.

மீன்பிடி வலைகள் உள்ள இடத்தில் கணுக்காலில் கயிறு கட்டலாமா? ஆற்றில் எப்படி?
– ஒரு வாசகர், பொத்துவில்

பலகையையும் உங்களையும் பிணைக்கும் லீஷ் கயிற்றைக் கணுக்காலில் கட்டுவது தேங்கி நிற்கும் திறந்த நீரில் சரி. ஓடும் நீரில் கூடவே கூடாது. பலகை ஒரு கம்பத்தின் இந்தப் பக்கமும் நீங்கள் அந்தப் பக்கமும் போனால் கயிறு அதில் மாட்டிக்கொள்ளும். நீரோட்டம் உங்களை நீட்டிப் படுக்க வைத்துவிடும், குனிந்து கணுக்காலைத் தொட முடியாது. வாவியிலும் களப்பிலும் வலைக்கம்புகள், பாலத் தூண்கள், கண்டல் வேர்கள் உள்ள இடமெல்லாம் இதே ஆபத்து. இதற்கென்று இடுப்புப் பட்டி விற்கிறார்கள், ஒரு பிடியை இழுத்தால் கழன்றுவிடும். அதை லைஃப் ஜாக்கெட்டுக்கு மேலே, பிடி வயிற்றின் முன்பக்கம் வரும்படி கட்டுங்கள். இடுப்பளவு நீரில் நின்று, கண்ணை மூடி, வலது கையாலும் இடது கையாலும் பத்து முறை இழுத்துப் பாருங்கள். பழகாத பிடி அவசரத்தில் கைக்குத் தட்டுப்படாது.

பாலமீன்மடுவில் மாரி வெள்ளம் கடலுக்கு வடிய, வாவி கடலோடு சேரும் முகத்துவாரத்தை வெட்டியபின் கல்லடிப் பாலத்துக்கு வடக்கே எந்தப் பலகையும் எந்தக் கயிறும் உதவாது. வெட்டிய வாய் அகன்று, ஓட்டம் அடங்கும்வரை தெற்கே போங்கள், அல்லது போகாதீர்கள்.

வலைக்காரருக்கு வழிவிடுங்கள். வரிசையாக நிற்கும் கம்புகளுக்கு இடையில் நுழையாமல் சுற்றிப் போகவேண்டும். பலகையின் அடியிலுள்ள செட்டை 22 செ.மீ. அளவு தொங்கும், வலையின் மேல்கயிற்றில் கொளுவி அதை அறுக்கும். ஆற்றுவாழையும் பாசியும் நிறைந்த ஓரங்களில் 10 அல்லது 12 செ.மீ. குட்டைச் செட்டை போடுங்கள். பலகை கொஞ்சம் நேராகப் போகாது, பரவாயில்லை. செட்டையின் வளைந்த நுனி பின்பக்கம் பார்க்க வேண்டும்.

விழும்போது காலை நீட்டிக் குதிக்க வேண்டாம், தலைகீழாகப் பாயவும் வேண்டாம். பல இடங்களில் நீர் இடுப்பளவுதான், கீழே உடைந்த கம்பும் சிப்பி ஓடும் கிடக்கும். பக்கவாட்டில், பலகையைவிட்டு விலகி, பாய் விரித்த மாதிரித் தட்டையாக விழுங்கள்.

எட்டு வயது மகனை முன்னால் இருத்திக்கொண்டு போகலாமா? முதலை பயமாக இருக்கிறது.
– ஒரு வாசகி, வாழைச்சேனை

பயப்படுவதில் நியாயம் இருக்கிறது. மட்டக்களப்பு வாவியில் உவர்நீர் முதலை உண்டு, உள்நாட்டுக் குளங்களில் சேற்று முதலை உண்டு. இரண்டும் அந்தியிலும் இரவிலும்தான் அதிகம் இரை தேடும். காலை ஏழுமணி முதல் பதினொன்றுவரை போதும். கண்டல் ஓடைகளுக்குள்ளும் சிற்றாறு வந்து விழும் இடங்களிலும் நுழையாதீர்கள். மீன் கழுவும் இடத்திலிருந்து தூரமாக இருங்கள். காலைத் தொங்கவிட்டு உட்கார வேண்டாம், நாயைக் கூட்டிப்போக வேண்டாம். இறங்கும் முன் கரையில் தோணிக்காரர் ஒருவரிடம் “இந்தக் கிழமை இங்கே கண்டீர்களா” என்று கேளுங்கள். எந்த அறிவிப்புப் பலகையைவிடவும் அந்தப் பதில் புதியது.

மகனுக்குப் பெரியவர்களின் ஜாக்கெட்டை இறுக்கிப் போடாதீர்கள், கைகளைத் தூக்கியதும் தலைக்கு மேல் வந்துவிடும். அவனது நிறைக்கு உரியதாக, கால்களுக்கு இடையில் பட்டி வருவதாக இருக்க வேண்டும். இருவரின் நிறையும் பலகையில் எழுதிய அதிகபட்ச நிறையில் மூன்றில் இரண்டைத் தாண்டாமல் பாருங்கள். தொலைபேசியை நீர் புகாத உறையில் கழுத்தில் மாட்டுங்கள், பலகையில் கட்டாதீர்கள். பொலிஸ் 119, அம்புலன்ஸ் 1990.

உன்னிச்சைக் குளத்திலும் இங்கினியாகலையிலும் பலகை இறக்க முடியுமா?
– ஒரு வாசகர், அம்பாறை

இங்கினியாகலையில் உள்ள சேனநாயக்க சமுத்திரம் 1954இல் அறிவிக்கப்பட்ட கல்லோயா தேசிய பூங்காவோடு சேர்ந்தது. வனஜீவராசிகள் பாதுகாப்புத் திணைக்களத்தின் அனுமதியில்லாமல் இறங்காதீர்கள். அங்கே தீவுகளுக்கு இடையில் யானைகள் நீந்திப் போகும், நீந்தும் யானைக்கு முன்னால் நிற்கும் பலகை பரிதாபமானது.

உன்னிச்சை போன்ற மற்றக் குளங்களில் அனுமதி கேட்பதோடு, வயலுக்கு நீர் விடும் மதகான துருசு திறந்திருக்கிறதா என்றும் கேளுங்கள். சிறுபோகத்துக்கு நீர் விடும் நாட்களில் மேற்பரப்பு அமைதியாக இருக்கும், கீழே துருசு வாய் இழுத்துக்கொண்டிருக்கும். துருசிலிருந்தும் வான் பாயும் இடத்திலிருந்தும் குறைந்தது நூறு மீற்றர் தள்ளியிருங்கள். நீர் இறங்கிய காலத்தில் பட்ட மரக்கட்டைகள் ஒரு சாண் ஆழத்தில் ஒளிந்திருக்கும், செட்டை மோதினால் பலகை நிற்கும், நீங்கள் நிற்க மாட்டீர்கள். பங்குனி, சித்திரை, ஐப்பசிப் பின்னேரங்களில் இடி கேட்டாலே கரை ஏறுங்கள். மின்னலுக்கும் இடிக்கும் இடையில் மூன்று விநாடி என்றால் அது ஒரு கி.மீ. தூரத்தில் இருக்கிறது. வெட்டவெளி நீரில் மிக உயரமானவர் நீங்கள்தான், கையில் கார்பன் துடுப்பு இருந்தால் அது மின்சாரமும் கடத்தும்.

பறுவ இரவில் பலகையில் போய்ப் பாடும் மீன் கேட்க ஆசை.
– ஒரு வாசகர், காத்தான்குடி

மேலே முதலை பற்றிச் சொன்னது உங்களுக்கும்தான். ஆசை விடவில்லையென்றால் தோணிக்காரர் ஒருவரோடு தோணியில் போங்கள். மரத்துடுப்பை நீருக்குள் விட்டு மேல்நுனியில் காதை வைத்துக் கேட்பதுதான் பழைய முறை, அதற்கு அசையாமல் இருக்கும் தோணி வேண்டும். பலகையில் குனிந்து துடுப்பில் காதை வைத்தால் முதலில் கேட்பது நீங்கள் விழும் சத்தமாக இருக்கும். அப்படியும் பலகைதான் என்றால் இருவராக, காற்றில்லாத இரவில், கரையிலிருந்து கூப்பிடு தூரத்துக்குள், நாலாபக்கமும் தெரியும் வெள்ளை விளக்கை ஜாக்கெட்டின் தோளில் குத்திக்கொண்டு போங்கள். இரவில் வலை விடும் தோணிகள் சத்தமில்லாமல் வரும், அவர்களுக்கு உங்களைத் தெரிய வேண்டும்.