போகவும் மெயில், வரவும் மெயில்: அப்புத்தளையில் ஒரு தை மாதச் சனிக்கிழமை

கேள்வி: காடு மலை என்றால் உயிரை விடும் துணையோடு, குளிர்காலத்தில் இலங்கை மலையகத்துச் சிறு நகரங்களுக்கு ஒரே நாளில் போய்வர முடியுமா? போனவர்கள் சொல்லுங்கள்.

முடியும். ஆனால் கேட்டவர் என் கட்சியா, என் மனைவியின் கட்சியா என்று முதலில் தெரிய வேண்டும்.

நான் கடைத்தெருக் கட்சி. தலவாக்கலை பஜாரில் அப்பாவின் கடைக்குப் பின்னறையில் வளர்ந்தவன். புது ஊருக்குப் போனால் ஒரு நல்ல தேத்தண்ணிக் கடை, மரக்கறிக் கடை வரிசை, பழைய கட்டடம் ஒன்றிரண்டு, அவ்வளவு போதும் எனக்கு. அவள் மஸ்கெலியாப் பக்கத்துத் தோட்டத்துப் பிள்ளை. பள்ளிக்கூடத்துக்கே தேயிலைக்குள்ளால் நடந்து போனவள். சீசன் தொடங்கினால் வருஷம் தவறாமல் சிவனொளிபாதமலை ஏறிவிட வேண்டும். ஒரு மேட்டைக் கண்டால் அதன் உச்சியைப் பார்க்காமல் அவளுக்குச் சோறு இறங்காது.

கல்யாணமான புதிதில் நாங்கள் போன பயணங்கள் எல்லாம் சண்டையில்தான் முடிந்தன. ஆறுதலாகப் புறப்பட்டு, பத்து மணிக்கு ஊரில் இறங்கி, நான் வடையும் பிளேன்டீயும் முடித்து எழும்பும்போது மலை இருந்த இடத்தில் வெள்ளைச் சீலை கட்டியது போல மூடுபனி நிற்கும். "உங்க வடைக்காக ஒரு மலையே போச்சு" என்று வீடு வரும்வரை சொல்லிக்கொண்டே வருவாள். ஒருமுறை அப்புத்தளையில் உள்ள அதிசம் என்ற பழைய பங்களாவைப் பார்க்கப் புதன்கிழமை போய், பூட்டிய வாசலைப் பார்த்துத் திரும்பினோம். அது வார இறுதி, போயா (பௌர்ணமி), விடுமுறை நாட்களில்தான் பார்வையாளருக்குத் திறக்கும் என்பதை விசாரிக்காமல் போனது நான்தான்.

பிறகுதான் எனக்கு ஒன்று உறைத்தது. ஜனவரி, பிப்ரவரியில் இங்கே காலை பெரும்பாலும் தெளிவாக இருக்கும், நேரம் ஏற ஏறப் புகார், அதாவது அந்த மூடுபனி, ஏறும். அப்படியானால் காலை அவளுக்கு, மதியத்துக்கு மேல் எனக்கு. நாங்கள் பேசித் தீர்க்காத பஞ்சாயத்தை மலையே தீர்த்துவிட்டது.

இப்படிப் பங்கு பிரித்து அப்புத்தளைக்குப் போன முதல் பயணம் 2019 தைப்பொங்கல் முடிந்து வந்த சனிக்கிழமை. காலை முழுவதும் அவளுக்கு வேண்டுமென்றால் விடியும்போதே மலையில் நிற்க வேண்டும். அதற்கு ஒரே வழி, கொழும்பிலிருந்து பதுளைக்குப் போகும் இரவு மெயில் ரயில். தலவாக்கலைக்கு அந்தக் கோச்சி நடுச்சாமம் தாண்டித்தான் வரும். ஸ்டேஷன் பெஞ்சு ஐஸ் கட்டி மாதிரி இருந்தது. நான் ஜேர்சிக்கு மேல் ஜேர்சி போட்டு, மப்ளரைக் காதோடு சுற்றிக்கொண்டு நின்றேன். அவள் ஒரேயொரு ஜேர்சியோடு மேடையில் அங்குமிங்கும் நடந்துகொண்டிருந்தாள்.

மூன்றாம் வகுப்பில் மூட்டைகளுக்கும் தூங்கும் தலைகளுக்கும் நடுவே இடம் பிடித்தோம். நானுஓயா தாண்டியதும் கோச்சி மூச்சு வாங்கத் தொடங்கும். பட்டிப்பொல ஸ்டேஷன் 1891 மீட்டர் உயரம், நாட்டிலேயே உயரமான ஸ்டேஷன் அதுதான். அதைத் தாண்டி ஒரு சுரங்கம் வரும். இந்தப் பக்கம் நுவரெலியா மாவட்டம், அந்தப் பக்கம் பதுளை மாவட்டம். இந்தப் பக்கம் புகாரில் நுழைந்து அந்தப் பக்கம் நட்சத்திரத்துக்குள் வெளியே வந்திருக்கிறேன், மாறியும் நடந்திருக்கிறது. ஆகவே தலவாக்கலை வானத்தைப் பார்த்துப் பயணத்தை நிறுத்தாதீர்கள்.

குளிரைப் பற்றி என் மனைவி சொன்ன ஒரு கணக்கு உங்களுக்கும் உதவும். வானம் துடைத்துவிட்டாற்போல் இருக்கும் இரவுதான் மோசமான இரவு. மேகப் போர்வை இல்லாததால் பகல் சூடெல்லாம் மேலே போய்விடும். குளிர்ந்த காற்று பாரமானது, தண்ணீர் மாதிரி வழிந்து பள்ளத்தில் தேங்கும். நுவரெலியாப் பக்கம் பள்ளங்களில் புல் வெளுத்து உறைந்து கிடக்கும்போது மேட்டு மலை தப்பித்துவிடுவது அதனால்தான். வெயில் வந்ததும் பனி பிடித்த கொழுந்து கருகிப்போகும். "பள்ளத்துல நிக்காதீங்க, மேல வாங்க, குளிராது" என்பாள். என்னை மலையேற்ற அவள் சொல்லும் காரணங்களில் இது ஒன்றுதான் உண்மையானது. அப்புத்தளையில் அந்த அளவு உறைபனி இல்லை, ஆனால் காற்று இருக்கிறது. மலை முதுகின் மேலேயே ஊர் உட்கார்ந்திருப்பதால் இந்தப் பக்கத்துக் காற்று ஊருக்குள்ளால் புகுந்துதான் அந்தப் பக்கம் போகும்.

இருட்டோடு இறங்கினோம். மெல்ல வெளிச்சம் வந்தபோது தெற்குப் பக்கம் நிலமே முடிந்துவிட்டது போல இருந்தது. கீழே, எங்கேயோ, சமதரை. தூரத்தில் ஒரு குளத்தின் பளபளப்பு. நான் ஒன்றும் பேசவில்லை. தேத்தண்ணிக் கடை திறந்துவிட்டதா என்று திரும்பிப் பார்த்ததை மட்டும் அவள் கண்டுபிடித்துவிட்டாள்.

தம்பதென்னைக்கு பஸ் இருக்கிறது, பத்துக் கிலோமீட்டர் வரும். அங்கேயுள்ள தேயிலை ஃபெக்டரி, 1890இல் தோட்டத்தை வாங்கிய தேயிலை வியாபாரி தொமஸ் லிப்டன் காலத்தது. அவர் உட்கார்ந்து பார்த்ததாகச் சொல்லும் லிப்டன் சீட், ஃபெக்டரியிலிருந்து இன்னும் ஏழு கிலோமீட்டர் ஏற்றம். நடந்து ஏறலாம் என்றாள். ஏறி முடிப்பதற்குள் புகார் வந்துவிடும் என்று நான் அவளுடைய ஆயுதத்தையே அவள் மேல் வீசினேன். ஓட்டோவில் ஏறி நடந்து இறங்குவது என்று முடிவாயிற்று. நீங்களும் அப்படியே செய்யுங்கள். முழங்கால் வலி உள்ளவர் மட்டும் மாற்றிச் செய்யலாம்.

உச்சியில் இருந்த அரை மணி நேரத்தைப் பற்றி எழுத எனக்கு ஒன்றுமில்லை. படங்கள் இணையத்தில் கொட்டிக் கிடக்கின்றன. இறங்கும் வழிதான் விஷயம். ஒவ்வொரு முடக்கிலும் "இன்னும் ரெண்டே முடக்குதான்" என்று இழுத்துக்கொண்டு போனாள். ஓரிடத்தில் ரோட்டுக்கு மேலே பெண்கள் இடுப்பில் படங்கு கட்டிக் கொழுந்து எடுத்துக்கொண்டிருந்தார்கள். எங்களுக்கு முன்னால் போன இரண்டு பேர் கேட்காமலே படம் எடுத்துவிட்டு நடந்தார்கள். என் மனைவி நின்றாள். மேலேயிருந்து ஒரு குரல்: "எந்தத் தோட்டம் புள்ள?"

"மஸ்கெலியாப் பக்கம் அக்கா."

அவ்வளவுதான். பத்து நிமிஷம் போனது. அங்கே கொழுந்து எப்படி, இங்கே எத்தனை கிலோ கேட்கிறார்கள், மழை எப்போது நின்றது, எல்லாம். பேசும்போதும் அவர்கள் கை நிற்கவில்லை. இன்னொரு அம்மா என்னை மேலும் கீழும் பார்த்து, "ஐயா பஜாரா?" என்றார். சப்பாத்தைப் பார்த்துத்தான் கண்டுபிடித்திருப்பார். கொழுந்து நிறுக்கும் நேரத்துக்குள் வந்தால் லயத்தில் பிளேன்டீ குடிக்கலாம் என்று கூப்பிட்டார்கள். நேரம் போதவில்லை, போகவில்லை. அந்தத் தேத்தண்ணி போனதில்தான் எனக்கு இன்றைக்கும் குறை, லிப்டன் பார்த்த காட்சியில் இல்லை. மலையைப் பார்க்கப் போகிறவர் அது ஒருவருடைய வேலைத்தலம் என்று நினைத்து, படம் எடுக்குமுன் ஒரு வார்த்தை கேட்டால் நல்லது.

அப்புறம் அதிசம். இந்த முறை சனிக்கிழமை, கதவு திறந்திருந்தது. சேர் தொமஸ் வில்லியர்ஸ் 1931இல் கட்டிய கருங்கல் வீடு, இப்போது பெனடிக்டின் துறவிகளின் மடம். உள்ளே பார்க்க விடுவது ஓரிரு அறைகள்தான். அவர்கள் விற்கும் ஜேம் போத்தல் இரண்டு வாங்கினேன். அவளோ பக்கத்துத் தங்கமலைக் காட்டுக்குள் புகுந்து இதல்கசின்ன ஸ்டேஷனுக்கு நடந்தே போகலாமே என்று ஆரம்பித்தாள். மணி பன்னிரண்டு தாண்டிவிட்டது, ஒப்பந்தம் ஒப்பந்தம்தான் என்றேன். காட்டு ஓரம் வரை மட்டும் போய்ப் பார்த்துவிட்டு வந்தாள், காலில் ஓர் அட்டையோடு. மழை விட்டு நாளானாலும் நிழல் ஈரத்தில் அட்டை இருக்கும். முன்கூட்டியே காலில் சவர்க்காரம் தேய்த்துக்கொண்டால் நல்லது.

என் பங்கு பண்டாரவளை. வழியில் தியத்தலாவையில் பஸ் நின்றபோது, 1900இல் ஆங்கிலேயரோடு போரிட்டுப் பிடிபட்ட போயர் கைதிகளைத் தென்னாபிரிக்காவிலிருந்து கொண்டுவந்து அடைத்த முகாம் இங்கேதான் இருந்தது என்றேன். "அவங்களையாவது நடக்க விட்டாங்களா?" என்றாள். பண்டாரவளை அப்புத்தளையைவிடத் தாழ்வு, குளிரும் குறைவு. மப்ளரைக் கழற்றிப் பையில் வைத்தேன். சோறு, பருப்பு, கட்டச் சம்பல். கடை கடையாக ஏறி இறங்கினேன். வெலிமடைப் பக்கத்து உருளைக்கிழங்கு இரண்டு கிலோ, ஒரு குடை, பேக்கரியில் சீனிச் சம்பல் பாண், வடைப் பொட்டலம் ஒன்று. அவள் முணுமுணுக்காமல் பையைப் பிடித்துக்கொண்டு வந்தாள். நாலு மணிக்கு மேல் மட்டும் மணிக்கூட்டை அடிக்கடி பார்த்தாள்.

திரும்பவும் இரவு மெயில்தான், இந்த முறை பதுளையிலிருந்து கொழும்புக்குப் போவது. பட்டிப்பொலவில் கோச்சி கொஞ்ச நேரம் நின்றது. "கீழ எறங்கிக் குளிரப் பார்த்துட்டு வரட்டா?" என்று கேட்டுக்கொண்டே இறங்கிவிட்டாள். மங்கல் விளக்கில் கையைத் தேய்த்துக்கொண்டு மேடையின் அந்த முனை வரை நடந்தாள். வடையைச் சரிபாதியாகச் சாப்பிடுவது என்று பேசியிருந்தோம். அவள் திரும்பி வருவதற்குள் நான் சன்னலை இறக்கிவிட்டு, பொட்டலத்தைப் பிரித்து, மூன்றாவதை எடுத்துவிட்டேன்.