கூச்சம் நல்லது

அன்புள்ள ஐயா,

இயற்பியலில் முதுகலை படிக்கிறேன். பகலில் பெருவெடிப்பு, இரவில் பிரார்த்தனை. வகுப்புத் தோழர்கள் இதை இரட்டை வேடம் என்று கிண்டல் செய்கிறார்கள். வீட்டிலோ, ‘இதெல்லாம் நம் புனித நூலில் அன்றே இருக்கிறது’ என்கிறார்கள். கிண்டலைவிட இந்தப் பெருமைதான் எனக்குக் கூச்சமாக இருக்கிறது. வாழ்வின் இறுதிக் கேள்விகளுக்கு அறிவியலும் நம்பிக்கையும் சேர்ந்து பதில் சொல்ல முடியுமா?

ஒரு வாசகி

அன்புள்ள வாசகிக்கு,

அந்தக் கூச்சத்தை விட்டுவிடாதீர்கள். உங்களுக்கு முன்பே அது ஒரு பாதிரியாருக்கு இருந்தது. பெருவெடிப்புக் கொள்கைக்கு விதை போட்டவரே அவர்தான்.

பெல்ஜியத்துக்காரரான ஜார்ஜ் லெமைத்ர் 1923-ல் கத்தோலிக்கக் குருவானார். 1927-ல், பிரபஞ்சம் விரிந்துகொண்டிருக்கிறது என்று கணக்குப் போட்டுக் காட்டினார். ஐன்ஸ்டைன் அவரிடம், கணக்கு சரி, இயற்பியல்தான் சகிக்கவில்லை என்றாராம். 1931-ல் லெமைத்ர் இன்னொரு படி மேலே போய், எல்லாம் ஓர் ஆதி அணுவிலிருந்து கிளம்பியிருக்கலாம் என்று எழுதினார். படைப்புக் கதையைக் கொல்லைப்புறமாக உள்ளே கொண்டுவருகிறாரோ என்று சந்தேகப்பட்டவர்களும் உண்டு.

1951 நவம்பரில் போப் பன்னிரண்டாம் பயஸ், பைபிளின் படைப்புக் கதையில் வரும் ‘ஒளி உண்டாகட்டும்’ என்ற அந்தக் கணத்துக்கு அறிவியலே சாட்சி சொல்கிறது என்ற தொனியில் பேசினார். வேறொருவராக இருந்தால் பூரித்துப்போயிருப்பார். லெமைத்ர் சங்கடப்பட்டார். தன் கொள்கை மதத்துக்கு ஆதரவும் இல்லை, எதிர்ப்பும் இல்லை என்பதில் அவர் பிடிவாதமாக இருந்தார். மறு ஆண்டு ரோமில் கூடிய வானியலாளர்களிடம் பேசியபோது போப் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. வேடிக்கை என்னவென்றால், அதே ரோம் மாநாட்டில்தான் வால்டர் பாடே என்ற வானியலாளர், விண்மீன் மண்டலங்களின் தூரத்தைத் தப்பாக அளந்திருக்கிறோம், ஏறக்குறைய இரண்டு மடங்காக்க வேண்டும் என்று அறிவித்தார். கூடவே பிரபஞ்சத்தின் வயதும் இரட்டிப்பானது. இன்று அது சுமார் 1380 கோடி ஆண்டுகள். நம்பிக்கையை அந்தப் பழைய எண்ணில் கட்டிப்போட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும்?

‘எப்படி’ என்பது அறிவியலுக்கு, ‘ஏன்’ என்பது மதத்துக்கு என்று பாகப்பிரிவினை செய்துவிடுவதும் எனக்குச் சரிப்படவில்லை. 1755-ல் லிஸ்பன் நகரம் நிலநடுக்கத்தில் இடிந்தபோது, ஊர் செய்த பாவம்தான் காரணம் என்று பிரசங்கம் செய்தார்கள். அந்த ‘ஏன்’ அறிவியலின் கைக்கு வந்தது நல்லதுதான். எல்லா ‘ஏன்’களும் அப்படி வந்துவிடுமா என்றால், அங்கேதான் எனக்குத் தயக்கம்.

என் அண்ணன் இறந்த இரவு. மருத்துவர் ஒரு மருந்துச் சீட்டின் பின்பக்கத்தில் இதயத்தை வரைந்து, அடைப்பு இருந்த இடத்தைப் பேனா முனையால் தொட்டுக் காட்டினார். அம்மா குறுக்கே பேசாமல் கேட்டாள். எல்லாம் அவளுக்குப் புரிந்தது. சீட்டை வாங்கி நான்காக மடித்துக்கொண்டு, “சரிங்க டாக்டர், ஆனா ஏன் இவன்?” என்றாள். மருத்துவர் பேனாவை மூடினார், பதில் சொல்ல முயலவில்லை. அதற்காகவே அவர்மேல் எனக்கு இன்றும் மரியாதை. பக்கத்திலிருந்த உறவினர் ஒருவர் ‘எல்லாம் அவன் சித்தம்’ என்றார். அம்மா அவர் பக்கம் திரும்பவே இல்லை.

அடுத்த வாரமே என்னையும் தங்கையையும் ரத்தப் பரிசோதனைக்கு இழுத்துப்போனாள். பிரார்த்தனையையும் ஒருநாள்கூட விடவில்லை. இதில் முரண்பாடு இருப்பதாக அவளுக்குத் தோன்றியதே இல்லை. அப்படி என்னதான் வேண்டிக்கொள்கிறாய் என்று ஒருமுறை கேட்டேன். “வேண்டல. கேட்டுக்கிட்டிருக்கேன்” என்றாள்.

சேர்ந்து பதில் சொல்ல முடியுமா என்று கேட்டிருந்தீர்கள். எனக்குத் தெரிந்து, சேர்ந்து இருக்க முடியும். வீட்டில் அடுத்த முறை பேச்சு வந்தால் லெமைத்ர் கதையைச் சொல்லிப் பாருங்கள். தோழர்களுக்கும் அதே கதை போதும். 1966-ல் அவர் சாவதற்குச் சற்று முன்புதான், பெருவெடிப்பின் மிச்சமான கதிர்வீச்சைக் கண்டுபிடித்துவிட்டார்கள் என்ற செய்தி அவர் காதுக்குப் போனது.

அன்புடன்.