ஃபிப்த் வீலா, பம்பர்-புல்லா: இழுவை வீடு வாங்குவோரின் கேள்விகளும் பதில்களும்

அமெரிக்காவில் இழுவை வீடு, அதாவது வண்டியின் பின்னால் இழுத்துச் செல்லும் டிரெய்லர் வீடு வாங்க எண்ணுவோர் அனுப்பிய கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன். இதில் ஃபிப்த் வீல், பம்பர்-புல் என இரு வகை உண்டு. டிரக் என்று நான் சொல்வது பிக்அப் டிரக்கை. ஒரே கேள்வியைப் பலர் கேட்டிருந்தால், முதலில் கேட்டவருக்கு மட்டுமே விரிவாக எழுதியிருக்கிறேன். மற்றவர்கள் அதைப் படித்துக்கொள்ளவும். கடன், காப்பீடு பற்றிய கேள்விகளை எடுத்துக்கொள்ளவில்லை.

கேள்வி (டாலஸ்): ஃபிப்த் வீல் நெடுஞ்சாலையில் ஆடாது என்கிறார்களே, அது உண்மையா? அடிப்படையில் இரண்டுக்கும் என்ன வேறுபாடு?

பதில்: டிரெய்லர் எந்த இடத்தில் இணைகிறது என்பதுதான் வேறுபாடு, மற்றவை எல்லாம் அதிலிருந்து கிளைப்பவை. பம்பர்-புல் என்று பெயர் இருந்தாலும், அது பம்பரில் மாட்டப்படுவதில்லை. வண்டியின் சட்டத்தோடு முடுக்கப்பட்ட ரிசீவர் என்ற சதுரக் குழாயில் செருகிய உருண்டையின் மேல் உட்காருகிறது. அந்த உருண்டை பின் அச்சுக்குச் சில அடிகள் பின்னால் இருப்பதால், பக்கக் காற்றோ கடந்து போகும் பதினெட்டுச் சக்கர லாரியோ டிரெய்லரைத் தள்ளும்போது, அந்தத் தள்ளல் நெம்புகோல்போல் வேலை செய்து டிரக்கின் பின்பகுதியையும் திருப்பப் பார்க்கும். ஃபிப்த் வீலில் இணைப்பு டிரக்கின் படுக்கைக்குள் (பின்னால் சரக்கு ஏற்றும் திறந்த தொட்டி), பின் அச்சுக்கு நேர் மேலேயோ சற்று முன்னாலோ இருக்கிறது. ஆகவே டிரெய்லரின் அசைவுக்கு டிரக்கைத் திருப்பும் நெம்புகோல் கிடைப்பதில்லை. காற்று அதையும் தள்ளத்தான் செய்யும் என்றாலும், ஆட்டம் தன்னைத் தானே வளர்த்துக்கொண்டு போவது மிக அரிது.

பம்பர்-புல் எடுப்பவர்கள் ஒன்றை மனத்தில் கொள்ள வேண்டும். டிரெய்லரின் எடையில் 10 முதல் 15 விழுக்காடு வரை உருண்டையின் மேல் அழுந்த வேண்டும். அது 10 விழுக்காட்டுக்குக் கீழே போனால் எவ்வளவு விலையுயர்ந்த ஆட்டத் தடுப்புக் கருவியும் முழுமையாகக் காப்பாற்றாது. சைக்கிள்களையும் கனமான பெட்டிகளையும் பின்கோடியில் ஏற்றுகிறவர்களே பெரும்பாலும் இதில் மாட்டிக்கொள்கிறார்கள். ஆட்டம் தொடங்கிவிட்டால் டிரக்கின் பிரேக்கை மிதிக்காதீர்கள். ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்துவிட்டு, டிரெய்லர் பிரேக்கை இயக்க ஓட்டுநர் அருகே பொருத்திய பிரேக் கன்ட்ரோலரில் உள்ள கைப்பிடியால் டிரெய்லரின் பிரேக்கை மட்டும் பிடியுங்கள்.

கேள்வி (ஆஸ்டின்): என்னிடம் ஃபோர்டு எஃப்-150 டிரக் இருக்கிறது. 13,000 பவுண்டு இழுக்கும் என்கிறார் விற்பனையாளர். 9,500 பவுண்டு வரம்புள்ள, "ஹாஃப்-டன் டிரக்குக்கு ஏற்றது" என்று எழுதிய ஃபிப்த் வீலைப் பார்த்திருக்கிறேன். வாங்கலாமா, ஐயா?

பதில்: ஹாஃப்-டன், முக்கால் டன், ஒரு டன் என்பவை டிரக்குகளின் அளவு வகைப் பெயர்கள்தான், அவை சுமக்கும் எடையல்ல. ஓட்டுநர் கதவைத் திறந்து, கதவு மூடும் தூணில் ஒட்டியிருக்கும் மஞ்சளும் வெள்ளையுமான ஸ்டிக்கரைப் படியுங்கள். ஆட்களும் சரக்கும் சேர்ந்து எத்தனை பவுண்டைத் தாண்டக் கூடாது என்று அதில் எழுதியிருக்கும். அதுதான் உங்கள் டிரக்கின் பேலோட். விளம்பரத்தில் உள்ள இழுவைத் திறன் உங்கள் டிரக்கைப் பற்றியதன்று. அந்த மாதிரியில் அதிகம் இழுக்கக்கூடிய அமைப்பைப் பற்றியது.

ஸ்டிக்கரில் 1,750 என்று இருப்பதாக வைத்துக்கொள்வோம். ஃபிப்த் வீலின் எடையில் 20 முதல் 25 விழுக்காடு வரை டிரக்கின் மேல் இறங்கும். நடுவாக 22 விழுக்காடு என்று கொண்டால், 9,500 பவுண்டுக்கு 2,090 பவுண்டு. நீங்கள் வண்டியில் ஏறும் முன்பே, ஹிட்சின் (டிரெய்லரை மாட்டும் இணைப்புக் கருவி) எடையைச் சேர்க்கும் முன்பே வரம்பு தாண்டிவிட்டது. அதே டிரக்கில் 6,500 பவுண்டு பம்பர்-புல்லை மாட்டினால், 13 விழுக்காட்டுக் கணக்கில் 845 பவுண்டு. சுமையை முன் அச்சுக்கும் பகிர்ந்து தரும் எடைப் பகிர்வு ஹிட்சுக்கு 100 பவுண்டு சேர்த்தாலும், குடும்பத்துக்கும் சாமான்களுக்கும் 800 பவுண்டு மிஞ்சும்.

கணக்கை எப்போதும் டிரெய்லரின் மொத்த எடை வரம்பை வைத்தே போடுங்கள். விவரக் கையேட்டில் உள்ள வெற்று எடையில் தண்ணீர் இல்லை. 50 கேலன் தண்ணீர் மட்டுமே 417 பவுண்டு. உங்கள் பாத்திரங்களும், அரிசி மூட்டையும், விட்டுவர மனமில்லாத வெட் கிரைண்டரும் அதற்கு மேல்.

கேள்வி (நியூ ஜெர்சி): ஹோண்டா ஒடிஸியில் சிறிய டிரெய்லர் ஏதாவது இழுக்க முடியுமா?

பதில்: அதன் உச்ச வரம்பு 3,500 பவுண்டு, ஆட்கள் கூடக் கூட அது குறையும்; ஆகவே மடித்து விரிக்கும் கூடார டிரெய்லரோ கண்ணீர்த்துளி வடிவச் சிறு டிரெய்லரோ போதும்.

கேள்வி (ஆஸ்டின், மறுபடியும்): என் நண்பர் இதே அமைப்பைப் பல ஆண்டுகளாக இழுக்கிறார். பின் சஸ்பென்ஷனில் ஏர் பேக் (காற்றடைத்த பை) பொருத்தியிருக்கிறார், பின்பக்கம் தாழ்வதே இல்லை. இந்த எண்கள் எல்லாம் வழக்கறிஞர்களுக்காக எழுதியவைதானே?

பதில்: ஏர் பேக் டிரக்கை மட்டமாக நிறுத்தும், அச்சு, சக்கரம், டயர், பிரேக் இவற்றில் எதன் வரம்பையும் ஒரு பவுண்டுகூட உயர்த்தாது. பின்பக்கம் தாழ்ந்திருந்தால் உங்கள் நண்பருக்கு எச்சரிக்கையாவது கிடைத்திருக்கும். இப்போது அதுவும் இல்லை.

இந்தப் பதிலுக்கு வந்த மறுப்புகள் மற்ற எல்லாக் கேள்விகளையும் விட அதிகம் என்பதால் ஒருசேரப் பதில் சொல்கிறேன். பொறியாளர்கள் பாதுகாப்புக்காகக் கூடுதல் தாங்குதிறன் வைத்தே எழுதுவார்கள் என்றார் ஒருவர். வைத்திருக்கலாம், ஆனால் அது பள்ளத்தில் விழும் சக்கரத்துக்கும், கொலராடோ மலையிறக்கத்தில் சூடேறிய பிரேக்குக்கும் வைத்தது, கூடுதல் படுக்கையறைக்காக வைத்ததன்று. இன்னொருவர், முக்கால் டன் டீசல் டிரக் வாங்கினால் இந்தத் தலைவலியே இல்லை என்றார். அதுவும் சரியில்லை. அந்த வகை டிரக்குகள் பலவற்றின் மொத்த எடை வரம்பு, பதிவு வகையைக் கருதி 10,000 பவுண்டிலேயே நிறுத்தப்பட்டிருக்கிறது. டீசல் எஞ்சின் கனமானது. சொகுசு இருக்கையும் மேற்கூரைக் கண்ணாடியும் சேர்ந்தால் ஸ்டிக்கரில் மிஞ்சுவது 2,200 அளவில் நின்றுவிடும். 14,000 பவுண்டு ஃபிப்த் வீலுக்கோ 3,080 பவுண்டு வேண்டும். அதே டிரக்கின் பெட்ரோல் வகை டீசலைவிட அதிகம் சுமக்கும் என்பது பலருக்கும் வியப்பளிக்கும். பெரிய ஃபிப்த் வீல் என்று முடிவு செய்துவிட்டால் ஒரு டன் டிரக்கிலிருந்து தொடங்குங்கள்.

நம்பாதவர்கள், நெடுஞ்சாலை லாரி நிறுத்தங்களில் உள்ள கேட் ஸ்கேல் (CAT Scale) என்ற எடை மேடையில் முழுச் சுமையோடு ஏறி நிற்கட்டும். முன் அச்சு, பின் அச்சு, டிரெய்லர் அச்சுகள் என்று மூன்று எடைகளைத் தனித்தனியே அச்சிட்டுத் தருவார்கள். வாதாடியவர்களில் ஒருவர் அப்படி நிறுத்தி, நேர்மையாகச் சீட்டையும் அனுப்பியிருக்கிறார்: பின் அச்சில் 4,320 பவுண்டு, கதவுத் தூணில் உள்ள வரம்பு 4,050.

கேள்வி (சியாட்டில்): என் டிரக்கின் படுக்கை ஐந்தரை அடிதான். ஃபிப்த் வீல் பொருந்துமா?

பதில்: பேலோட் இடம் கொடுத்தால் பொருந்தும். ஆனால் கூர்மையாகத் திருப்பும்போது டிரெய்லரின் முன்மூலை உங்கள் பின்கண்ணாடியைத் தேடி வரும். திருப்பத்தில் பின்னுக்கு நகரும் ஸ்லைடர் ஹிட்ச் வேண்டும்; கையால் நகர்த்தும் வகையை மறந்துவிடுவோர் உண்டு என்பதால், தானாக நகரும் வகையையே நான் சொல்வேன்.

கேள்வி (சான் ஹோசே): தனி உரிமம் வேண்டுமா?

பதில்: கலிபோர்னியாவில் மொத்த எடை வரம்பு 10,000 பவுண்டுக்கு மேற்பட்ட பம்பர்-புல்லுக்கும், 15,000 பவுண்டுக்கு மேற்பட்ட ஃபிப்த் வீலுக்கும் வணிகம் சாராத கிளாஸ் ஏ உரிமம் வேண்டும். 10,000-க்கும் 15,000-க்கும் இடைப்பட்ட ஃபிப்த் வீலுக்கு வழக்கமான உரிமத்தில் ஒரு கூடுதல் ஒப்புதல் போதும். எதை இழுத்தாலும் அங்கே வேக வரம்பு மணிக்கு 55 மைல்.

கேள்வி (மேரிலாந்து): உயரம் பெரிய சிக்கலா?

பதில்: உங்கள் பகுதியில் ஆம். ஃபிப்த் வீல்கள் பல 13 அடியைத் தாண்டும். வட கரோலினாவின் டர்ஹாமில் லாரிகளின் கூரையை உரித்துப் புகழ்பெற்ற ரயில் பாலத்தை 2019-இல் உயர்த்தினார்கள். உயர்த்திய பிறகும் அது 12 அடி 4 அங்குலம்தான். நியூயார்க்கில் கார்களுக்கென உள்ள பார்க்வே சாலைகளில் டிரெய்லருக்கே அனுமதியில்லை. பால்டிமோர் சுரங்கச் சாலைகளில் இழுவை வீட்டின் புரோபேன் உருளைகளுக்குத் தடை. அவற்றுக்கு மாற்றாக இருந்த கீ பாலம் 2024 மார்ச்சில் இடிந்தபின் ஐ-695 சுற்றுச்சாலையின் மேற்குப் பகுதியைச் சுற்றித்தான் போக வேண்டும். காருக்கான வழிகாட்டிச் செயலி இவை எதையும் சொல்லாது.

கேள்வி (அட்லாண்டா): ஊரிலிருந்து அப்பா, அம்மா ஆறு மாதம் வருகிறார்கள். அவர்களுக்கு எது வசதி, அண்ணா?

பதில்: பம்பர்-புல், தயக்கமில்லாமல். ஃபிப்த் வீலில் கூரை உயரமும் அடியில் உள்ள சாமான் அறைகளும் தாராளம்தான்; ஆனால் நுழையப் படிகள், உள்ளே படுக்கையறைக்கும் பல அமைப்புகளில் குளியலறைக்கும் போக மேலும் சில படிகள். நள்ளிரவில் முழங்கால் வலியோடு எழுந்திருப்பவருக்கு அது கடினம். டிரக்கில் எத்தனை இருக்கைகள் என்பதையும் பாருங்கள். ஓடும் டிரெய்லருக்குள் பெரியவர்களைப் படுக்க வைத்துக் கூட்டிப் போவது பல மாநிலங்களில் குற்றம், எங்குமே ஆபத்து.

கேள்வி (டெட்ராய்ட்): என்னிடம் சில்வராடோ 1500. எந்த ஃபிப்த் வீல் வாங்கலாம்?

பதில்: ஸ்டிக்கர்.

கேள்வி (ஃபீனிக்ஸ்): டன்ட்ராவுக்கு?

பதில்: ஸ்டிக்கரில் உள்ள எண்ணைச் சொல்லாமல் கேட்கும் எவருக்கும் இனி பதில் இல்லை.

கேள்வி (மினியாபொலிஸ்): கிளேசியர் தேசியப் பூங்காவுக்கு எது ஏற்றது?

பதில்: கோயிங்-டு-தி-சன் சாலையின் மலைப்பகுதியில் 21 அடிக்கு மேல் நீளமுள்ள வண்டிகளுக்கு அனுமதியில்லை என்பதால் இரண்டையுமே முகாமில் விட்டுவிட்டுத்தான் போக வேண்டும். ஃபிப்த் வீலுக்காக எட்டடிப் படுக்கை கொண்ட நான்கு கதவு டிரக் வாங்கியவர்களுக்கு இன்னொரு செய்தி: அந்த டிரக் தனியாகவே 22 அடி.

கேள்வி (ஹூஸ்டன்): ஒரு டன் டிரக் வாங்கிவிட்டேன், கணக்கும் சரி. ஃபிப்த் வீலை மாட்டும்போது எதில் கவனம் வேண்டும்?

பதில்: கணக்கோடு வந்ததற்கு நன்றி. டிரெய்லரின் முன்பகுதியிலிருந்து கீழே நீளும் கிங் பின் என்ற தடித்த முளை, ஹிட்சின் பூட்டும் தாடைகளுக்குள் போகாமல் அவற்றின் மேலேறி உட்கார்ந்துவிடுவதுதான் பெரிய ஆபத்து. கைப்பிடி மூடியதுபோலவே தோன்றும். முதல் சிவப்பு விளக்கிலிருந்து புறப்படும்போது டிரெய்லர் டிரக் படுக்கையின் பக்கச் சுவர்கள் மேல் விழும். எனவே பின்னோக்கி வரும்போது டிரெய்லரின் தட்டு ஹிட்சின் தட்டைத் தொட்டுச் சற்றே தூக்கப்படும் உயரத்தில் இருக்கட்டும். பூட்டியபின் டார்ச் அடித்துப் பாருங்கள்: இரு தட்டுகளுக்கும் நடுவே வெளிச்சம் தெரியக் கூடாது, தாடைகள் பின்னைச் சுற்றி மூடியிருக்க வேண்டும். பாதுகாப்புக் கம்பியையும் மின்கம்பியையும் மாட்டி, டிரெய்லரின் முன்பகுதியைத் தாங்கி நிற்கும் முன்கால்களைத் தரையிலிருந்து ஓரங்குலம் மட்டும் தூக்கி, டிரெய்லர் பிரேக்கைக் கையால் பிடித்தபடி டிரக்கை மெதுவாக முன்னே இழுங்கள். பிடி நழுவாமல் நின்றால்தான் கால்களை முழுவதும் தூக்கலாம்.