கீழ் ஓவனைப் போட்டதும் வீட்டுக் கறண்டே போகிறது: பதித்த இரட்டை ஓவனில் எங்கே பார்ப்பது?

கேள்வி இது: மட்டக்களப்புக் கல்லடியில் வீடு. குசினி அலுமாரிக்குள் பதித்த இரட்டை மின் ஓவன். மேல் ஓவன் ஒழுங்காகச் சுடுகிறது. கீழ் ஓவனை ஆறு மாதமாகப் பாவிக்கவில்லை. நத்தார் கேக்குக்காக இப்போது போட்டால் முழு வீட்டுக்கும் கறண்ட் நிற்கிறது. வந்து பார்த்தவர் ஓவனை இயக்கும் மின்னணுப் போர்ட் பழுது, மாற்ற வேண்டும் என்கிறார். மாற்றலாமா?

போர்டுக்கு இப்போதைக்குக் காசு கட்ட வேண்டாம். நீங்கள் சொல்வதை வைத்துப் பார்த்தால் கீழ் ஓவனின் எலிமென்ட் (சூடாக்கும் குழாய்) ஒன்றுக்குள் ஈரம் போயிருக்கவே சந்தர்ப்பம் அதிகம். அதைப் பெரும்பாலும் காயவைத்தே மீட்கலாம். காயவைக்க இடமும் தயாராக இருக்கிறது: உங்கள் மேல் ஓவன்தான் அது. இரட்டை ஓவனில் இந்த ஒரு வசதி இருக்கிறது. பழுதான பக்கத்தை ஒப்பிட்டுப் பார்க்க நல்ல பக்கம் அதே பெட்டிக்குள் இருக்கும். திருத்துபவர்கள் பலர் இதைப் பாவிப்பதே இல்லை.

முதலில் வீட்டின் மெயின் சுவிட்ச் போர்டில் எது விழுந்திருக்கிறது என்று பாருங்கள். சோதனைப் பொத்தான் உள்ள ட்ரிப் சுவிட்ச் விழுந்தால் கறண்ட் எங்கோ எர்த்துக்கு ஒழுகுகிறது. வீடுகளில் உள்ளவை பெரும்பாலும் 30 மில்லி அம்பியருக்குரியவை. நடைமுறையில் 20, 25 மில்லி அம்பியரிலேயே விழுந்துவிடும். அதில் குளிர்சாதனப் பெட்டி, தண்ணீர் மோட்டர், சலவை மெஷின் எல்லாம் ஏற்கெனவே கொஞ்சம் ஒழுகவிட்டுக்கொண்டிருக்கும். ஓவன் தன் பங்குக்குச் சிறிது சேர்த்தாலே போதும்.

ட்ரிப் சுவிட்ச் நிற்க, ஓவனுக்கான பிரேக்கர் மட்டும் விழுந்தால் அது வேறு பிரச்சினை: ஷோர்ட் அல்லது அளவுக்கு மிஞ்சிய பாரம். ஒவ்வொன்றும் 3 கிலோவாட் என்று வைத்தாலும் இரண்டும் ஒன்றாக ஓடினால் 6,000 வாட், 230 வோல்டில் 26 அம்பியர். நம் வீடுகளுக்குப் பொதுவாகக் கிடைப்பது 30 அம்பியர் தனிக்கட்ட (சிங்கிள் பேஸ்) இணைப்பு. பெருநாளுக்கும் நத்தாருக்கும் இரண்டு ஓவனும் ஓடும்போது யாராவது அயனைப் போட்டால் மெயின் விழக்கூடும். அதில் ஓவனைக் குறைசொல்ல முடியாது. மும்முனை (திரீ பேஸ்) இணைப்பு உள்ள வீட்டில், ஓவனுக்கு வரும் வயர்களைப் பூட்டும் இணைப்புப் பலகை இடம் கொடுத்தால், மேலையும் கீழையும் வெவ்வேறு கட்டத்தில் போடுவது நல்லது. ஒற்றைக் கட்டத்தில் 32 அம்பியர் பிரேக்கரும் 6 சதுர மில்லிமீற்றர் செப்பு வயரும் குறைந்த அளவு. 13 அம்பியர் புளக்கில் இதைச் சொருகவே கூடாது.

திறப்பதற்கு முன் இன்னொரு சோதனை. கீழ் ஓவனை ஒவ்வொரு முறையிலும் மாறிமாறிப் போடுங்கள். கிரில் முறையில் மேல் எலிமென்ட் மட்டும் வேலை செய்யும். விசிறி முறையில் பின்னால் விசிறியைச் சுற்றியுள்ள வளைய எலிமென்ட். சாதாரண பேக் முறையில் கீழ் எலிமென்டும் பல மாடல்களில் மேல் எலிமென்டும் சேர்ந்து. கிரிலில் விழவில்லை, பேக்கில் மட்டும் விழுகிறது என்றால் சந்தேகம் ஓவன் தரைக்கடியில் உள்ள எலிமென்டுக்குச் சுருங்கிவிடும். பல்ப் மட்டும் எரியும் நிலையிலேயே விழுந்தால் பல்ப் கூட்டையும் உள்வயரையும் பார்க்க வேண்டும். போட்டதும் விழாமல் பத்து நிமிடம் சூடானபின் விழுந்தால், சூட்டில் விரியும்போது வாய் திறக்கும் வெடிப்பு எலிமென்டின் உறையில் இருக்கலாம். அப்படிப்பட்டது காயவைத்தால் சரிவராது.

ஈரம் எப்படிப் போகிறது? எலிமென்டின் உள்ளே சுருள் கம்பி. அதைச் சுற்றி மகனீசியம் ஒட்சைட்டுப் பொடி அடர்த்தியாக நிரப்பியிருக்கும், அதற்கு வெளியே எஃகு உறை. அந்தப் பொடி சூட்டை நன்றாகக் கடத்தும், கறண்டைக் கடத்தாது. ஆனால் காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும். இரு முனைகளிலும் உள்ள அடைப்பு வயதாகிச் சுருங்கினால் அவ்வழியே ஈரம் உள்ளே போகும். கிழமைக்கு இரண்டு தரம் சூடாகும் எலிமென்ட் தன்னைத்தானே காயவைத்துக்கொள்ளும். மேல் ஓவன் உங்களுக்கு நன்றாக இருப்பது அதனால்தான். ஒரு பக்கம் வாவி, மறுபக்கம் கடல், நடுவில் ஆறு மாதம் சூடு காணாத எலிமென்ட், அதோடு மாரி மழை. இதற்குமேல் காரணம் தேட வேண்டியதில்லை.

இனித் திறப்பது. ஓவனின் தனிச் சுவிட்சை மட்டும் நம்ப வேண்டாம், மெயினையே நிறுத்துங்கள். நிறுத்தியபின் இணைப்புப் பலகையில் கட்டத்துக்கும் (கறண்ட் வரும் வயர்) நியூட்ரலுக்கும், கட்டத்துக்கும் எர்த்துக்கும், நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் இடையே மீற்றர் வைத்துப் பார்க்க வேண்டும். பல ஓவன்களில் ரிலே (போர்டிலுள்ள தானியங்கிச் சுவிட்ச்) எலிமென்டின் ஒரு முனையை மட்டும்தான் துண்டிக்கிறது, மறுமுனை எப்போதும் இணைந்தே இருக்கும். கட்டமும் நியூட்ரலும் மாறி இணைத்த வீட்டில், ஓவன் அணைந்திருக்கும்போதும் எலிமென்டில் 230 வோல்ட் இருக்கும்.

கதவைக் கழற்றுவது எளிது. முழுக்கத் திறந்து, இரு கீல்களிலும் உள்ள பூட்டை மடக்கி, பாதி மூடிய நிலையில் மேலே தூக்கி எடுக்க வேண்டும். தட்டுகளையும் எடுத்தால் பாரம் குறையும். பக்கச் சட்டத்திலுள்ள திருகாணிகளைக் கழற்றியபின் கதவுகள் மாட்டியபடியே இருந்து இரண்டும் திறந்தால் பெட்டி முன்னால் சாயும், ஆகவே கதவு முதலில், திருகாணி பிறகு. 30 அங்குல அகல மாடல்கள் 100 கிலோவைத் தாண்டும். இரண்டு பேரும், அலுமாரித் தட்டின் அதே உயரத்தில் ஒரு உறுதியான மேசையும் வேண்டும். முன்னாலிருந்தே கழற்றக்கூடிய எலிமென்ட் என்றால் இதெல்லாம் தேவையில்லை. இரண்டு திருகாணி எடுத்து மெதுவாக இழுத்தால் வயரோடு வரும். அந்த வயரை ஏதாவதில் கட்டிவையுங்கள், துளைக்குள் நழுவினால் பெட்டியையே வெளியே எடுக்க நேரும்.

இரு வயரையும் எலிமென்டிலிருந்து கழற்றி முதலில் ஓம் பாருங்கள். கணக்கு இலகு: வோல்டின் வர்க்கத்தை வாட்டால் வகுக்க வேண்டும். 230 வோல்டில் 1,000 வாட் எலிமென்ட் 53 ஓம், 2,000 வாட் 26.5 ஓம், 2,500 வாட் 21 ஓம் அளவில் காட்டும். முடிவிலி காட்டினால் உள்ளே கம்பி அறுந்துவிட்டது. சரியான ஓம் காட்டுவதாலேயே எலிமென்ட் நல்லது என்று முடிவெடுக்கக் கூடாது. இந்த இடத்தில்தான் பலர் பிழைவிட்டுப் போர்டுக்குப் போகிறார்கள். கம்பி நன்றாக இருந்தபடியே அது உறைக்கு ஒழுகலாம். அதைப் பார்க்க 500 வோல்ட் மெகர், அதாவது கூடிய வோல்டில் ஒழுக்கை அளக்கும் மீற்றர், வேண்டும். சாதாரண மல்டிமீற்றரின் சில வோல்டுக்கு அந்த ஒழுக்கு பல நேரம் தெரியாது. ஒரு முனைக்கும் உறைக்கும் இடையே 1 மெகா ஓமுக்குக் குறைந்தால் அந்த எலிமென்ட்தான் முதல் சந்தேகம். நல்ல எலிமென்டில் இது பத்துக்கணக்கான மெகா ஓம் வரும். சந்தேகம் என்றால் மேல் ஓவனின் அதே எலிமென்டை அளந்து ஒப்பிடுங்கள். வயர் போர்டோடு இணைந்திருக்கும்போது மெகரை வைத்துவிடாதீர்கள். 500 வோல்ட் போர்டுக்குள் போனால், இதுவரை பழுதாகாத போர்ட் அப்போது பழுதாகும்.

காயவைப்பது: கழற்றிய எலிமென்டைத் துடைத்து மேல் ஓவனின் தட்டில் வைத்து, 120 முதல் 150 பாகை செல்சியசில் இரண்டு மூன்று மணி நேரம் விடுங்கள். ஆறியபின் மறுபடி மெகர். 1 மெகா ஓமுக்கு மேல் ஏறியிருந்தால் மாட்டலாம். அரை மெகா ஓமிலேயே நின்றால் இன்னொரு தரம் காயவையுங்கள். அதற்கும் அசையாவிட்டால் உறை வெடித்திருக்கலாம், புதிது வாங்க வேண்டியதுதான். வாங்கும்போது ஓவனின் மாடல் இலக்கம், எலிமென்டின் வாட், வோல்ட், முழு நீளம், மாட்டும் தகட்டின் துளைகளுக்கு இடையிலான தூரம், முனையின் வடிவம் ஆறையும் எழுதி, படமும் எடுத்து அனுப்புங்கள். மட்டக்களப்பில் கிடைக்காவிட்டால் கொழும்பில் தேடுபவருக்கு இது போதும். கூடிய வாட் எலிமென்ட் கெதியாகச் சுடும் என்று மாற்றிப் போடுவது பிழை, ரிலேயும் வயரும் அதற்கு ஏற்ப அமைந்தவை அல்ல.

ட்ரிப் சுவிட்ச் விழுவதை நிறுத்த இரண்டு குறுக்குவழிகள் நடக்கின்றன. ஒன்று, ஓவனின் எர்த் வயரைக் கழற்றிவிடுவது. மற்றது, ட்ரிப் சுவிட்சைத் தாண்டி நேராக இணைப்பது. இரண்டையும் யார் சொன்னாலும் அனுமதிக்காதீர்கள். எர்த் இல்லாத ஓவனில் ஒழுகும் கறண்ட், ஈரக்கையோடு கதவுப் பிடியைத் தொடும் ஆள் வழியாகத்தான் நிலத்துக்குப் போகும். நிலத்தில் அடித்த எர்த்துக் கம்பியையும் இதோடு பாருங்கள். நம் மணல் நிலம் கச்சான் காற்று மாதங்களில் காய்ந்து போனால் எர்த்தின் தடை ஏறும். கம்பியின் பிடியில் பச்சை பிடித்திருந்தால் சுரண்டிப் புதிய பிடி போட வேண்டும்.

எலிமென்ட் வெளியே இருக்கும்போதே வயரின் நுனிக் கவ்விகளையும் பாருங்கள். உப்புக் காற்றில் இவை மங்கி, தொடுகை தளர்ந்து, அந்த இடத்திலேயே சூடாகிக் கருகும். கருகியதைத் துண்டித்து, பளிச்சென்ற செம்பு தெரியும் வரை வயரை வெட்டி, நிக்கல் பூசிய கவ்வியை அழுத்திப் பொருத்த வேண்டும். ஈயம் வைத்து ஒட்டினால் சூட்டில் உருகிவிடும். இணைக்க வயர் போதாவிட்டால் கண்ணாடி நார் உறை போட்ட சூடு தாங்கும் வயர்தான். சாதாரண வீட்டு வயரின் பிளாஸ்டிக் உறை 70 பாகைக்குத்தான் கணக்கு.

எல்லா எலிமென்டும் மெகரில் தேறி, அப்படியும் கீழ் ஓவன் சரிவரவில்லை என்றால் அப்போது போர்டைப் பேசலாம். இரண்டு ஓவனும் ஒன்றாகச் செத்தால் பொதுவானவற்றைப் பார்க்க வேண்டும்: வரும் கறண்ட், இணைப்புப் பலகை, அதிசூட்டைத் துண்டிக்கும் கட்டவுட், குளிராக்கும் விசிறி. விசிறியில் தூசு அடைத்தால் கட்டவுட் துண்டிக்கும். அதை வயர் போட்டு இணைத்துவிடாமல் விசிறியைத் துப்புரவாக்குங்கள். அணைத்த பின்னும் ஓவன் சுட்டுக்கொண்டே இருந்தால் ரிலேயின் தொடுகை ஒட்டிக்கொண்டது, உடனே மெயினை நிறுத்த வேண்டிய பழுது அது. சூடு மட்டும் பிழை என்றால் சென்சரை அளந்து பாருங்கள். பல மின்னணு ஓவன்களில் உள்ள ஆயிரம் ஓம் பிளாட்டினம் வகை, 30 பாகையில் 1,117 ஓம் அளவிலும் 180 பாகையில் 1,685 அளவிலும் இருக்கும். மேல் ஓவன் சென்சர் அதே இலக்கமுள்ளது என்றால் இரண்டையும் இடம் மாற்றிப் போடுங்கள். பிழை மேலே போனால் சென்சர், கீழேயே நின்றால் போர்ட். காசே செலவில்லாத சோதனை.

ஓவன் சவூதியிலிருந்தோ கனடாவிலிருந்தோ வந்ததென்றால் இன்னொன்று. பெயர்த்தகட்டில் 120/240 வோல்ட், 60 ஹேர்ட்ஸ் என்றிருந்தால் அதன் எலிமென்ட் 240க்கும் பல்ப், விசிறி, போர்ட் சில நேரம் 120க்கும் அமைந்தவை. வட அமெரிக்க வயரில் கறுப்பும் சிவப்பும் கறண்ட் வருபவை, வெள்ளைதான் நியூட்ரல். நம் பழைய வயரிங்கில் கறுப்பு நியூட்ரல். நிறத்தைப் பார்த்து இணைத்தால் 120 வோல்ட் போர்டுக்கு 230 போய் எரியும். மின்சுற்று வரைபடம் கையில் இல்லாமல் அதைத் தொடவே விடாதீர்கள்.

மாட்டிய பின் முதல் தடவை வெறும் ஓவனாக 100 பாகையில் அரை மணி, பிறகு 200 பாகையில் அரை மணி, யன்னல் திறந்து வைத்து. கவ்வு மீற்றர் (வயரைக் கவ்வி அம்பியரை அளப்பது) இருந்தால் ஓவனின் கட்ட வயரை மட்டும் கவ்விப் பாருங்கள்: 2,400 வாட் என்றால் 10.4 அம்பியர் அளவு ஓட வேண்டும். கதவு ரப்பருக்கு, ஒரு கடதாசித் துண்டை இடையில் வைத்து மூடி இழுத்துப் பாருங்கள். இலகுவாக வந்தால் அந்த இடத்தால் சூடு போகிறது. கேக் ஒரு பக்கம் கருகுவதற்கு இதுவும் காரணமாகலாம். ட்ரிப் சுவிட்சின் சோதனைப் பொத்தானையும் ஒரு தரம் அழுத்துங்கள், அழுத்தியதும் விழ வேண்டும். இனி மாரி மாதங்களில், தேவை இருந்தாலும் இல்லாவிட்டாலும், இரண்டு கிழமைக்கு ஒரு தரம் கீழ் ஓவனை 150 பாகையில் அரை மணி ஓடவிடுங்கள். பேக், கிரில், விசிறி மூன்று முறையிலும் பத்துப் பத்து நிமிடம், அப்போதுதான் மூன்று எலிமென்டும் காயும்.